கல்லடி மணலில் எலக்ட்ரோனிக் பஞ்சிங்: எங்கே பிழை வரும், ஏன்

மட்டக்களப்புக் கல்லடிக் கடற்கரைச் சவுக்குகளுக்குள் பிள்ளைகளுக்கு ஓரியண்டியரிங் (வரைபடம் பார்த்து இடங்களைத் தேடி ஓடும் விளையாட்டு) பயிற்சி ஓட்டம் வைத்தோம். தேடிப் போகவேண்டிய இடங்கள், அதாவது கொன்றோல், 12. எல்லாவற்றிலும் ஸ்போர்ட்ஐடென்ட் என்ற எலக்ட்ரோனிக் பெட்டிகள்: பிள்ளை விரலில் மாட்டிய சிப்பை அதன் துளையில் வைத்தால் பெட்டி இலக்கமும் நேரமும் சிப்பில் பதியும், அதுதான் பஞ்சிங்.

முந்தின இரவே எல்லாப் பெட்டிகளின் மணிக்கூட்டையும் ஒரே நேரத்துக்கு வைத்துவிட வேண்டும். ஸ்டார்ட்டும் ஃபினிஷும் ஒத்துப்போகாவிட்டால் மொத்த நேரமே பிழை. நடுவிலுள்ள 37 என்ற பெட்டி (அது வரிசை எண் அல்ல, பெட்டியின் அடையாள இலக்கம்) 40 செக்கன் முந்தி ஓடினால் மொத்தம் மாறாது. அந்தப் பெட்டிக்கு வர எடுத்த நேரத்தில் 40 செக்கன் கூடும், அதிலிருந்து அடுத்ததற்குப் போகும் நேரத்தில் 40 குறையும். எல்லாருக்கும் ஒரே அளவில் அப்படி வந்தால் குற்றம் பெட்டியில்தான். பற்றரி மாற்றினால் நேரத்தைத் திரும்ப வைத்தே ஆகவேண்டும்.

காலையில் பெட்டி கட்டும்போது 34உம் 43உம் இடம் மாறிப்போயிருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிப்பை வைத்துப் பார்த்தபடியால் பிடிபட்டது. அப்படியே ஓடவிட்டிருந்தால் சரியான இடத்துக்குப் போன பிள்ளைகள் எல்லாருக்கும் மிஸ்பஞ்ச்தான், அதாவது பிழையான பெட்டியில் பதிந்ததாகக் கணக்கு. அந்தச் சோதனை தூங்கும் பெட்டியையும் எழுப்பிவிடும். இல்லாவிட்டால் முதலில் வருபவர் பீப் சத்தத்துக்குக் காத்து நிற்க வேண்டும். பெட்டியைத் தாங்கும் குச்சி மணலில் சாயும், அதனால் மரத்தோடு கட்டுவதே மேல். சிப் நுழையும் துளையில் ஈரமணல் ஒட்டினால் நுனி உள்ளே இறங்காது, துணியால் துடைத்துவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது கிளியரில், அதாவது ஓட முன்பு சிப்பின் பழைய பதிவுகளை அழிக்கும் பெட்டியில். பழைய பதிவு அழியாவிட்டால் புதியது அதன் மேலே சேர்ந்து குழம்பும். எஸ்ஐ-5 போன்ற பழைய சிப் நேரத்தோடு 30 பதிவுதான் வைத்திருக்கும், அழியவும் கொஞ்ச நேரம் எடுக்கும். பீப் கேட்கும்வரை கையை எடுக்கவே கூடாது. அடுத்தது செக் பெட்டி: கிளியராகாத சிப்புக்கு அது பீப் அடிக்காது. அந்த இடத்தில் ஒரு பெரியவரை நிறுத்துங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும்.

காட்டுக்குள்ளும் அதே சட்டம்தான். பீப்பும் இல்லை, வெளிச்சமும் இல்லை என்றால் பதிவும் இல்லை. பெட்டி செத்திருந்தால் அங்கே தொங்கும் ஊசிப் பஞ்சால் (தாளில் ஊசித் துளைகள் போடும் கருவி) வரைபடத்தில் இதற்கென விட்ட ரிசேர்வ் கட்டத்தில் குத்திக்கொண்டு வரவேண்டும்.

ஓடி முடிந்த சிப்புகளை வாசிக்கும் லெப்டொப்பை நிழலில் வையுங்கள். வாசிக்கும் பெட்டியைக் கணினி கண்டுபிடிக்காவிட்டால் முதலில் யூஎஸ்பி டிரைவரைப் பாருங்கள். இடையில் விட்டு வந்த பிள்ளையும் சிப்பை வாசிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் வாசிக்காத சிப் என்றால் பிள்ளை இன்னும் உள்ளே நிற்குது என்றே கணக்கு. பக்கத்தில் கடல். கொடுத்த சிப் எல்லாம் வாசித்து முடியும்வரை ஒரு பெட்டியையும் கழற்றுவதில்லை.