எஃப் எழுத்து இல்லாத செயலி: கூத்துப் பதிவுகளுக்கு ஓர் எடிட்டிங் கணினி

தெருக்கூத்துப் பதிவுகளை எடிட் செய்ய நான் கட்டிவரும் புதிய கணினியில், இரண்டு கேமரா டைம்லைன் இப்போது தடுக்காமல் ஓடுகிறது. ப்ராக்ஸி (எடிட்டிங்குக்கான இலகுவான நகல்) எதுவும் செய்யவில்லை. 4கே, விநாடிக்கு 50 ஃப்ரேம், எச்.265 (வீடியோவைச் சுருக்கும் முறை), 10-பிட் 4:2:2 (நிறத் தகவலின் அளவு) கோப்புகளை அப்படியே டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் இறக்கி, கர்ண மோட்சத்தில் கட்டியங்காரன் பேசும் பகுதியை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கிறேன். பின்னோக்கி இழுத்தாலும் படம் கையோடு வருகிறது. இந்த வகைக் கோப்பில் முழுப் படமாக இருப்பவை சில ஃப்ரேம்கள்தாம். மற்றவை அக்கம்பக்கத்து ஃப்ரேம்களைப் பார்த்துக் கணக்கிடப்படுபவை. அதனால் பின்னோக்கி இழுப்பதுதான் உண்மையான சோதனை. கணினியின் மற்ற வேலைகள் பாதியில் கிடந்தாலும் செயலி (சிபியு) விஷயம் தெளிவாகிவிட்டதால் அதை இப்போதே எழுதிவிடுகிறேன்.

4:2:2 கோப்புகள் பல கணினிகளைத் திணறடிக்கும். "4:2:0-வில் எடுத்தால் இந்தத் தொல்லையே இல்லையே" என்று நண்பர்கள் சொல்வார்கள். மற்ற படப்பிடிப்புகளுக்கு நானும் அதையே சொல்வேன். தெருக்கூத்துக்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். முகம் முழுக்கச் சிவப்பு அரிதாரம், கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் கண்ணாடிச் சில்லுகள், மேலே மலிவான எல்இடி விளக்கு. 4:2:0-வில் நிறத் தகவல் ஒளித் தகவலின் கால் பங்குதான் பதிவாகிறது. 4:2:2-வில் பாதி கிடைக்கிறது. அடர்சிவப்பு முகம் கறுப்பு வானத்தைத் தொடும் விளிம்பில் இந்த வேறுபாடு கண்ணுக்கே தெரியும். நிறத்திருத்தத்தில் சிவப்பைக் கொஞ்சம் அசைத்தால் 4:2:0 விளிம்பு படிக்கட்டுப் போல உடைகிறது. வேடம் கட்டுபவர் பல மணி நேரம் உட்கார்ந்து எழுதிக்கொண்ட முகத்தை நான் அப்படிக் காட்ட மாட்டேன். எனவே விநாடிக்கு 100 மெகாபிட் 4:2:2 என்பதில் மாற்றமில்லை. மணிக்கு 45 ஜிபி, ஒரு கேமராவுக்கு. கூத்து விடிய விடிய நடக்கும்.

இங்கேதான் சிக்கல். சுருக்கிய கோப்பை விரித்துப் படிக்க (டிகோட்) தனி வன்பொருள் உதவ வேண்டும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 20, 30, 40 வரிசைக் கிராபிக்ஸ் கார்டுகள் எச்.265-இல் 4:2:0 படிக்கும், நிறம் முழுதாக உள்ள 4:4:4 கூடப் படிக்கும். நடுவிலிருக்கும் 4:2:2-வை மட்டும் படிக்காது. 2025 தொடக்கத்தில் வந்த 50 வரிசையில்தான் அது சேர்ந்தது. ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 செயலிகளுக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸும் 4:2:2 படிப்பதில்லை. மேசைக் கணினிச் செயலிகளில் இன்டெலின் குயிக் சிங்க் (உள் கிராபிக்ஸில் இருக்கும் வீடியோ வன்பொருள்) மட்டும் 11ஆம் தலைமுறையிலிருந்து இந்த வேலையைச் செய்துவருகிறது. என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 இருக்கிறது. நிறத்திருத்தத்துக்கும் பட இரைச்சல் நீக்கத்துக்கும் அதன் 12 ஜிபி நினைவகம் இன்னும் போதும். அதை மாற்றாமல் 4:2:2-வைச் சமாளிக்க வேண்டுமென்றால் உள்ளே கிராபிக்ஸ் உள்ள இன்டெல் செயலிதான் எளிய வழி.

இதைச் சொன்னால் செயலியின் கோர் (கணக்கிடும் அலகு) எண்ணிக்கையைக் காட்டி வாதிடுவோர் உண்டு. ரைசன் 9 9950எக்ஸ் 16 கோர், 32 த்ரெட் கொண்ட அருமையான செயலி. ப்ரோரெஸ், டிஎன்எக்ஸ்எச்ஆர் போன்ற, ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனியாக நிற்கும் கோப்புகளில் வேலை செய்பவர் அதைத் தயங்காமல் வாங்கலாம். அங்கே கோர்களுக்கு உண்மையான வேலை இருக்கிறது. என் கோப்புகள் அந்த வகையல்ல. முதலில் கேமரா என்ன எழுதுகிறது என்று பார்க்க வேண்டும், பிறகுதான் செயலிப் பட்டியலைத் திறக்க வேண்டும். பரிந்துரை கேட்பவர்கள் பட்ஜெட்டைச் சொல்கிறார்கள், கோடெக்கை, அதாவது கேமரா எழுதும் கோப்பு வகையை, சொல்வதே இல்லை. எனக்கு இது தீராத ஆதங்கம்.

கடைசியில் எடுத்தது இன்டெலின் கோர் அல்ட்ரா 7 265கே. 8 பெரிய கோர், 12 சிறிய கோர். ஒரு கோரை இரண்டு த்ரெட்டாக ஓட்டும் ஹைப்பர் த்ரெடிங் இல்லாததால் த்ரெட்டும் 20தான். 2024 அக்டோபரில் வந்தபோது விளையாட்டுக்குச் சரியில்லை என்று விமர்சகர்கள் ஒதுக்கினார்கள். பிறகு விலை இறங்கியது, நமக்கு லாபம். 14ஆம் தலைமுறையின் 14700கே-வையும் பார்த்தேன். 13, 14ஆம் தலைமுறைகளின் மின்னழுத்தச் சிக்கலுக்கு 2024-இல் இன்டெல் மைக்ரோகோடு (செயலியின் உள் நிரல்) திருத்தம் தந்து, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. புதிதாக வாங்கி, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பித்துக்கொண்டால் பயமில்லை. பழைய சந்தையில் யாரோ ஓட்டிய 13900கே மலிவாகக் கிடைத்தால் மட்டும் நான் தொட மாட்டேன். திருத்தம் வருவதற்கு முன் அது எப்படி ஓடியது என்று யாரும் சொல்ல முடியாது. 265கே-வில் ஏவி1 என்ற வீடியோ வடிவில் எழுதும் (என்கோடு) வசதியும் உண்டு. 14ஆம் தலைமுறையின் உள் கிராபிக்ஸில் டிகோட் மட்டும்தான்.

வாங்கப் போனது சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட். "தனியாக கார்டு வைத்திருக்கிறீர்களே சார், கேஎஃப் எடுத்துக்கொள்ளுங்கள், காசு மிச்சம்" என்று ஒரு கடையில் மேசையில் எடுத்தே வைத்துவிட்டார்கள். எஃப் என்ற எழுத்து இருந்தால் உள் கிராபிக்ஸ் கிடையாது, கூடவே குயிக் சிங்க்கும் கிடையாது. நான் செயலி வாங்குவதே அதற்காகத்தான் என்று விளக்கியும், "எடிட்டிங்குக்கு எல்லோரும் இதைத்தான் எடுக்கிறார்கள்" என்றே பதில் வந்தது. வீடியோ எடிட்டிங் என்று சொல்லிக் கேட்பவரிடம் இப்படி விற்பது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அடுத்த சந்தில் கேட்டதை மட்டும் எடுத்துத் தந்தார் ஒருவர். ஜிஎஸ்டி 18 சதவீதத்துடன் முறையான பில், பெட்டியின் மீதுள்ள வரிசை எண்ணையும் அதில் எழுதிக் கொடுத்தார். உத்தரவாதம் கேட்டுப் போகும் நாளில் அந்த எண்தான் பேசும்.

இனி இந்தப் பதிவின் முக்கியமான இடம். செயலியை மாட்டி, 3060-ஐச் செருகி, திரையை அதில் இணைத்து, விண்டோஸ் ஏற்றி, ரிசால்வைத் திறந்தால் 4:2:2 பழையபடியே திணறும். காரணம், தனி கார்டைக் கண்டதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் அதை நாமே எழுப்ப வேண்டும். ஒரு போர்டில் அது 'ஐஜிபியு மல்டி-மானிட்டர்', இன்னொன்றில் 'இன்டர்னல் கிராபிக்ஸ்'. எந்தப் பெயரில் இருந்தாலும் 'ஆட்டோ'வில் விடாமல் 'எனேபிள்' செய்ய வேண்டும். முதன்மைத் திரை தனி கார்டிலேயே (பிசிஐஇ) இருக்கட்டும். உள் கிராபிக்ஸில் திரை எதையும் இணைக்கத் தேவையில்லை. பிறகு விண்டோஸில் இன்டெல் கிராபிக்ஸ் டிரைவரைப் போட வேண்டும். டாஸ்க் மேனேஜரில் இரண்டு ஜிபியு (கிராபிக்ஸ் அலகு) தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி ரிசால்வில். சிஸ்டம் அமைப்பில் டிகோட் பகுதிக்குப் போனால் எச்.264, எச்.265-க்கு இன்டெல், என்விடியா எனத் தனித்தனிக் குறிகள் இருக்கும். சோதிக்கும்போது என்விடியாவின் குறியை எடுத்துவிட்டு இன்டெலை மட்டும் வைத்தேன். எந்த வேலை எங்கே நடக்கிறது என்று ஐயமில்லாமல் பார்க்க அதுவே நல்ல வழி. டைம்லைனை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் இன்டெல் ஜிபியுவின் 'வீடியோ டிகோட்' வரைபடத்தைக் கவனியுங்கள். கோடு எழும்பி நிற்க வேண்டும், செயலியின் கோர்கள் ஓய்வாக இருக்க வேண்டும். அந்தக் கோடு எழும்பியதைப் பார்த்தபோது எனக்கு வந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. பயாஸைப் புதுப்பித்தால் அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் இதை மறுபடி பார்க்க வேண்டும். இவையெல்லாம் ரிசால்வின் கட்டணப் பதிப்பான ஸ்டூடியோவுக்கு. இலவசப் பதிப்பில் இந்த வகைக் கோப்புகளுக்கு வன்பொருள் உதவி கிடையாது. 295 டாலர், ஒரே முறை; சந்தா இல்லை. எனக்கு அது நியாயமான விலை.

சோனி கேமரா வைத்திருப்பவர்களுக்கு அதன் கோப்பு வகைகள் பற்றி ஒரு குறிப்பு: எக்ஸ்ஏவிசி எச்எஸ் என்பது எச்.265, எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264. எச்.264 10-பிட் 4:2:2-வை இந்த இன்டெல் கிராபிக்ஸ் படிக்காது, பாரம் முழுவதும் கோர்களுக்குப் போய்விடும். நான் எச்எஸ்ஸிலேயே எடுப்பதால் தப்பித்தேன். பழைய எஸ் கோப்புகளுக்கு 20 கோர் இருக்கிறது, சமாளிக்கிறது. அதற்கும் வன்பொருள் வேண்டுமென்றால் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைதான்.

ரேம் 64 ஜிபி, 32-ஆக இரண்டு. நான்கு குச்சி போட்டால் டிடிஆர்5 ரேமின் வேகம் குறைந்துவிடும் என்பதால் இரண்டோடு நிறுத்தினேன். 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய வேகத்தைப் பார்த்தால் 128-ஐ இப்போது நினைக்கவே முடியாது. செயலியின் மின் வரம்பு இயல்பில் 250 வாட். ஏசி இல்லாத என் அறையில் அது வேண்டாம் என்று 160-க்கு இறக்கினேன். எடிட்டிங்கில் எந்தக் குறையும் தெரியவில்லை. கோடை வெயிலில் இன்னும் இறக்க வேண்டியிருக்கலாம்.

ஏற்றுமதிச் சோதனை இன்னும் நடக்கவில்லை. என்விடியா என்கோடரா, குயிக் சிங்க்கா என்று ஒரே காட்சியை இரண்டிலும் ஓட்டி, சிவப்பு விளிம்பைப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். அதற்கு முன் சேமிப்பகத்தை முடிக்க வேண்டும்: நடப்பு வேலைக்கு என்விஎம்இ (வேகமான சேமிப்பகம்) வாங்கியாயிற்று, முடிந்த கூத்துகளுக்குப் பெரிய ஹார்டு டிஸ்க் இரண்டு தேவை, ஒன்றின் நகல் இன்னொன்றில். விலை கேட்டு வைத்திருக்கிறேன். சித்திரையில் பாரதக் கூத்து தொடங்குவதற்குள் அவை வந்தாக வேண்டும்.