நைவாஷாவில் ஒரு மீன் சாப்பாடு

நேற்று விடியற்காலைதான் கென்யாவின் தலைநகர் நைரோபியிலிருந்து வந்து இறங்கினேன். நாள்வாரியாகச் செலவுக் கணக்கோடு எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த பதிவில் வரும். மனதில் சூடு இருக்கும்போதே சிலவற்றைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் கோபம். விமான நிலைய டாக்சிக்காரர் 4,000 ஷில்லிங் கேட்டு, 3,000-க்கு இறங்கி வந்தார். நள்ளிரவு, கையில் சிம் இல்லை, ஏறிவிட்டேன். திரும்பும்போது அதே தூரத்துக்கு டாக்சிச் செயலி காட்டியது 1,300! ஒரு ஷில்லிங் நம் ரூபாயில் முக்கால்கூட வராது. இருந்தாலும் முதல் இரவே ஆயிரம் ரூபாய்க்கு மேல் போனால் வயிறு எரியாதா? போகிறவர்கள் விமான நிலையத்துக்குள்ளேயே சிம் வாங்கிவிடுங்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் எம்-பெசா கணக்கும் திறந்துகொள்ளலாம். எம்-பெசா என்றால் போன் வழியே பணம் அனுப்பும் சேவை.

நைரோபியிலிருந்து ஏரிக்கரை ஊரான நைவாஷா சுமார் 90 கிலோமீட்டர். மட்டாட்டுவில் போனேன். மட்டாட்டு என்றால் தனியார் வேன். ஆள் நிரம்பும்வரை கிளம்பாது. முக்கால் மணி நேரம் பாட்டுச் சத்தத்தில் தலை கனத்துவிட்டது. பக்கத்தில் இருந்த தம்பி பட்டம் முடித்து இரண்டு வருடம் ஆகியும் வேலை கிடைக்கவில்லை என்றார். 2024 ஜூனில் வரி மசோதாவை எதிர்த்துத் தெருவில் இறங்கியவர்களில் அவரும் ஒருவர். அதில் பல உயிர்கள் போயின, கடைசியில் அதிபர் மசோதாவைக் கைவிட்டார். "எங்களைக் கேட்காமல் இனி எதுவும் செய்ய முடியாது" என்று அந்தத் தம்பி சொன்ன தொனி இன்னும் காதில் இருக்கிறது.

அப்புறம் அந்தச் சாப்பாடு! ஏரிக்கரைத் தகரக் கொட்டகையில், மேலே மொறுமொறுவென்று பொரித்த முழுத் திலேப்பியா மீன், உகாலி, சுகுமா விக்கி. உகாலி மக்காச்சோளக் களிதான், நம் களியை விடக் கெட்டி. சுகுமா விக்கி ஒரு கீரை. பெயருக்குப் பொருள் 'வாரத்தைத் தள்ளு'. கையில் காசு இல்லாத வாரத்தை ஓட்டுகிற கீரை. எல்லாம் சேர்த்து 450 ஷில்லிங்.

கடைக்கார அம்மாவை அங்கே 'மாமா' என்றுதான் கூப்பிட வேண்டும். அவர்கள் பேசும் சுவாஹிலியில் அதற்கு அம்மா என்று பொருள். கடை முகப்பில் பச்சை அட்டையில் எம்-பெசா எண் எழுதியிருந்தது. நான் பணம் அனுப்பியதும் அவருடைய சாதாரண பட்டன் போன் கீச்சென்றது. சொந்த ஊர் கிசுமு பக்கம். முன்பெல்லாம் தாயாருக்குப் பஸ் டிரைவரிடம் கவர் கொடுத்து அனுப்புவாராம், பாதி நேரம் குறைந்துதான் போய்ச் சேருமாம். 2007-ல் எம்-பெசா வந்தது. அதனால் கென்யாவில் 1,94,000 குடும்பங்கள் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்ததாக 2016-ல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு கணக்கிட்டது. அந்த எண்ணைப் படித்தபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் போன் கீச்சிட்டபோதுதான் உறைத்தது.

மறுநாள் ஹெல்ஸ் கேட் பூங்கா. வெளிநாட்டவருக்கு டாலரில் கட்டணம், பர்ஸுக்கு நல்ல அடி. ஆனாலும் சொல்வேன், கொடுங்கள். வாடகை சைக்கிளில் வரிக்குதிரைகளுக்கு நடுவே போகலாம். அதைத் தாண்டினால் ஒல்காரியா மின்நிலையம். பூமிக்கடியிலிருந்து வரும் நீராவியில் 1981 முதல் மின்சாரம் எடுக்கிறார்கள். வெள்ளிக் குழாய்கள் மலைச்சரிவெங்கும் ஓடுகின்றன. விலங்குகள் கடக்கிற இடத்தில் வளைவு மாதிரி உயர்த்தி விட்டிருக்கிறார்கள். கென்யாவின் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதத்தை இந்த வெப்பம்தான் தருகிறது. 2010-ல் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்வசதி இருந்தது. இன்று நான்கில் மூன்று பேருக்கு இருக்கிறது. கிளம்பும்போது "ஆப்பிரிக்காவா, ஜாக்கிரதை" என்று சொன்னவர்களையெல்லாம் அந்தக் குழாயடியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும்.

மாலையில் மறுபடியும் மாமா கடைக்கே போனேன். மூலையில் வெள்ளையாக ஒரு ஃப்ரீசர். தெருவுக்குக் கரன்ட் வந்தபின் தவணையில் வாங்கியது. முன்பு பொழுது சாய்ந்தால் மிஞ்சிய மீனை வந்த விலைக்குத் தள்ளிவிடுவாராம். இப்போது மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே பனி பூத்த மீன்கள். "எதை எடுக்கட்டும்?" என்று கேட்டார். பெரியதாகப் பார்த்துக் கை காட்டினேன்.