மூன்றாவது டிஸ்கும் தூங்கியது

நேற்று இரவு 1:40 மணிக்கு என் வீட்டு வீடியோ சர்வரின் மூன்று ஹார்ட் டிஸ்கும் சேர்ந்து ஸ்டாண்ட்பைக்கு, அதாவது சுழற்சி நின்ற தூக்கத்துக்குப் போயின. ஐந்து வாரமாக இதற்காகத்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். டிஸ்குக்குக் கட்டளை கொடுக்கும் எச்டிபார்ம் (hdparm) கருவியில், நிலையைக் கேட்கும் பெரிய சி (-C) போட்டு மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் ‘ஸ்டாண்ட்பை’ என்றே பதில் வந்தது. மனசு கேட்கவில்லை, மச்சில் ஏறிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். எப்போதும் கையில் தெரியும் அந்த மெல்லிய நடுக்கம் இல்லை. ஓட்டின் மேல் சாரல் விழும் சத்தம் மட்டும்தான்.

பெட்டி பழைய ஐ3 கணினி. டெபியன் 12 லினக்ஸ், சிஸ்டம் 128 ஜிபி எஸ்எஸ்டியில். இரண்டு 4 டிபி, ஒரு 12 டிபி, எல்லாம் தனித்தனி எக்ஸ்ட்4 கோப்பு அமைப்பு, டிஸ்குகளை ஒன்றாகக் கட்டும் ரெய்டு கிடையாது. உள்ளே இருப்பதில் பாதிக்கு மேல் அண்ணன் கருங்கலில் வீடியோ கடை வைத்திருந்த காலத்து மினி டிவி டேப்புகள். ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபி வரும். 280 டேப் இறக்கினேன், 3.6 டிபி ஆயிற்று. ஊர்க் கல்யாணங்கள், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, இன்றைக்கு இல்லாத எத்தனையோ பேர் நடந்து, சிரித்து, பந்தியில் பரிமாறும் காட்சிகள். அதனால் இந்த டிஸ்குகள் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பதற்றம் அதிகம்.

சாயங்காலம் இரண்டு மூன்று மணி நேரம்தான் யாராவது பார்ப்பார்கள். மீதி நேரமெல்லாம் சும்மா சுற்றும் டிஸ்க் ஒவ்வொன்றும் நாலைந்து வாட் தின்கிறது. தூங்கிவிட்டால் ஒரு வாட்டுக்கும் கீழே. மாதத்துக்கு ஏழெட்டு யூனிட் மிச்சம் என்பது பெரிய காசு இல்லை. ஆனால் எங்கள் தக்கலைப் பக்கம் ஆடிக் காற்றில் ஒரு தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் போதும், இன்வெர்ட்டர்தான் கதி. அப்போது ஒவ்வொரு வாட்டும் கணக்கு.

வழக்கமான வேலைகளை முதல் வாரமே முடித்துவிட்டேன். கோப்பைப் படிக்கும்போதெல்லாம் நேரம் குறிப்பதை நிறுத்தும் நோஏடைம், கோப்புப் பட்டியல் எடுக்கும் அப்டேட்டிபியின் விலக்குப் பட்டியல், வீடியோ காட்டும் ஜெல்லிஃபின் நிரலின் தரவுத்தளத்தையும் படக் கேஷையும் எஸ்எஸ்டிக்கு மாற்றியது, எல்லாம். எச்டிபார்மில் தூக்க டைமரான பெரிய எஸ் (-S) 240, அதாவது 20 நிமிடம் சும்மா இருந்தால் தூங்கு. (241-இலிருந்து கணக்கு அரை மணி நேரப் படிகளுக்குத் தாவிவிடும் என்பதை மறந்துவிட வேண்டாம். 242 என்றால் ஒரு மணி நேரம்.) புதிதாக ஃபார்மட் செய்த பெரிய டிஸ்கை முதல் நாளே சோதித்துப் பயனில்லை, எக்ஸ்ட்4 பின்னணியில் கோப்பு விவரங்களுக்கான இனோட் அட்டவணையை எழுதி முடிக்கும்வரை அது ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் 4 டிபி இரண்டும் தூங்கி தூங்கி விழித்தன. 12 டிபி தூங்கவே இல்லை.

4 டிபியின் துப்பைக் கொடுத்தது அம்மாதான். மச்சுக்கு நேர் கீழே அம்மாவின் அறை. ஒருநாள் காலையில் காப்பி குடிக்கும்போது, “மக்கா, ஒனக்க பெட்டி ராத்திரி அரை மணிக்கூறுக்கு ஒருக்கா எந்திரிச்சு மொனங்குதே, பாத்தியா?” என்று கேட்டார். அரை மணி நேரம் என்றதும் எனக்குப் பொறி தட்டியது. ஸ்மார்ட்-டி (smartd) என்ற பின்னணி நிரல், சும்மா விட்டால் 1800 வினாடிக்கு ஒருமுறை டிஸ்கின் உடல்நிலையை விசாரிக்கும். டெபியன் தரும் அமைப்புக் கோப்பில் ‘தூங்கினால் எழுப்பாதே’ என்ற சின்ன என் ஸ்டாண்ட்பை (-n standby) ஏற்கெனவே இருக்கிறது. நான் டிஸ்குகளைத் தனித்தனி வரியாக எழுதியபோது அதை விட்டிருக்கிறேன். சேர்த்தேன், இரண்டும் அடங்கின. அன்று ராத்திரி அம்மாவும் நன்றாகத் தூங்கினார்.

இனி 12 டிபி. இதில்தான் மூன்று வாரம் போயிற்று.

எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் ஃபேட்ரேஸை ராத்திரி முழுக்க ஓடவிட்டேன், அந்த டிஸ்கின் பெயரில் ஒரு வரி வரவில்லை. வாசிப்பு, எழுத்தை எண்ணிவைக்கும் லினக்ஸின் டிஸ்க்ஸ்டாட்ஸ் எண்களைக் குறித்துவைத்து மூன்று மணி நேரம் கழித்துப் பார்த்தேன், வாசிப்பு, எழுத்து இரண்டிலும் ஓர் இலக்கம்கூட நகரவில்லை. ஒருவரும் தொடாத டிஸ்க் 20 நிமிடத்தில் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் அது பாட்டுக்குச் சுற்றுகிறது. டிஸ்குக்குள்ளேயே இருக்கும் நிரலான ஃபர்ம்வேர் டைமரை மதிக்கவில்லை என்றே முதலில் நினைத்தேன். சில டிரைவ்கள் பெரிய எஸ்ஸைக் காதில் வாங்காது என்பது உண்மைதான், யூஎஸ்பி பெட்டிகளில் இன்னும் மோசம். ஏபிஎம் என்ற மின்சேமிப்பு அளவை 127-க்கு இறக்கியும் பார்த்தேன். பலனில்லை.

திருப்பம் வந்தது ஒரு சின்ன சோதனையில். எச்டிபார்மில் சின்ன ஒய் (-y) போட்டு உடனே தூங்கச் சொன்னேன். ‘க்ளக்’ என்று, தகவலை வாசிக்கும் ஹெட் ஒதுங்கும் சத்தம், அப்புறம் சுழற்சி இறங்கி இறங்கி நின்றது. மறுநாள் காலைவரை அப்படியே கிடந்தது! அப்போதுதான் புரிந்தது, யாரும் அதை எழுப்பவில்லை. தூங்கப் போகவிடாமல்தான் ஏதோ தடுக்கிறது. இரண்டும் வேறு வேறு நோய். நான் மூன்று வாரமாக முதல் நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

தடுத்தது நான் எழுதிய வெப்பமானி. மச்சு என்பதால் சித்திரை வெயிலுக்குப் பயந்து, நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிஸ்கின் வெப்பத்தையும் லினக்ஸின் டிரைவ்டெம்ப் வழியாக வாசித்துக் குறிக்கும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். லினக்ஸ் கெர்னலின் ஆவணத்திலேயே இருக்கிறது: வெப்பத்தை வாசிப்பது சில டிரைவ்களில் ஸ்பின் டவுன் டைமரை முதலிலிருந்து ஓடவைக்கும். தூங்கியபின் வாசித்தால் விழிக்காத டிரைவ்கூட, விழித்திருக்கும்போது வாசித்தால் எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுபோய்விடும். என் டிஸ்க் நடந்துகொண்டதும் அச்சு அசல் அப்படியே. இருபதாவது நிமிடத்தை அது எட்டவே இல்லை. அறுபது வினாடிக்கு ஒருமுறை “சூடாக இருக்கிறாயா?” என்று தட்டிக் கேட்டால் யாரால் தூங்க முடியும்?

ஸ்கிரிப்டை நிறுத்தினேன். மச்சில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்து, கையில் கடிகாரம். இருபது நிமிடமும் சில வினாடிகளும், ‘க்ளக்’. ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டேன், ஒன்றரை மணி நேரம் தூங்கவில்லை. நிறுத்தினேன், தூங்கியது. இப்படி மூன்று சுற்று பார்த்தபிறகுதான் நம்பினேன். இதே காரணத்தால், ஸ்மார்ட்-டி அரை மணிக்கு ஒருமுறை கேட்க, டைமரை ஒரு மணி நேரமாக வைத்தவர்களின் டிஸ்கும் தூங்காமல் போகலாம். ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஆனால் வெப்பமானியை விட எனக்கு மனமில்லை. அதனால் டைமரை டிஸ்கின் கையிலிருந்தே பிடுங்கிவிட்டேன். எச்டி-ஐடில் (hd-idle) என்ற நிரல் டிஸ்க்ஸ்டாட்ஸை மட்டும்தான் பார்க்கும். வெப்ப வாசிப்பும் ஸ்மார்ட் விசாரிப்பும் அந்தக் கணக்கில் ஏறாது. உண்மையான வாசிப்பு, எழுத்து நின்றால் தானே தூங்க வைத்துவிடும். எச்டிபார்மின் பெரிய எஸ்ஸை 0 ஆக்கிவிட்டு இதில் 1800 வினாடி கொடுத்தேன். முதலில் ‘சின்ன ஐ 0’ (-i 0) போட்டு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு, அப்புறம் தேவையான டிஸ்குகளை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். டிஸ்கின் பெயரை எஸ்டிஏ, எஸ்டிபி என்று எழுதாதீர்கள், ரீபூட்டில் இடம் மாறும். ஒவ்வொரு டிஸ்குக்கும் நிலையாக இருக்கும் பை-ஐடி (by-id) பெயரே பத்திரம். லாக் கோப்பு எஸ்எஸ்டியில் இருக்கட்டும், தூங்க வைக்கும் டிஸ்கிலேயே எழுதினால் அதுவே எழுப்பிவிடும். என் 12 டிபி வழக்கமான ஸ்கஸி கட்டளைக்கு அசையவில்லை. ஏடிஏ வகைக் கட்டளை அனுப்பும் ‘சின்ன சி ஏடிஏ’ (-c ata) கொடுத்தபின்தான் கேட்டது. நேற்று இரவு 1:40-க்கு நடந்தது இதுதான்.

அரை மணி நேரம் ஏன் என்றால், அடிக்கடி நின்று ஓடுவதும் ஆகாது. எட்டு வினாடி சும்மா இருந்தாலே ஹெட்டை ஒதுக்கிய டிரைவ்கள் ஒரு காலத்தில் வந்தன. அரை நிமிடத்துக்கு ஒருமுறை ஒதுங்கினால் ஒரு நாளைக்கு 2880 தடவை, ஹெட் ஒதுங்குவதற்கான மூன்று லட்சம் தடவை என்ற வரம்பு 104 நாளில் தீர்ந்துவிடும். ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை எழுந்தால் பயமில்லை.

வேறொன்று. மூன்றும் ஒரே நேரத்தில் எழும்போது 12 வோல்ட்டில் ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 2 ஆம்ப் இழுக்கும். பழைய பவர் சப்ளை அதற்குத் தாங்குமா என்ற சந்தேகம் இருக்கிறது. நாகர்கோவில் செட்டிகுளம் பக்கம் ஒரு கடையில் போன மாதம் வாங்கிய சாட்டா பவர் பிரிப்பான் கேபிளின் முனை இந்த மழைக்குள் பச்சை பூத்துவிட்டது. கடல் காற்றும் சாரலும் சேர்ந்தால் மலிவு முலாம் நிற்காது. அடுத்ததைத் திருவனந்தபுரம் போகும்போது கையில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவேன். அதற்குள், தனித்தனி டிஸ்குகளை ஒரே கோப்புறையாகக் காட்டும் மெர்ஜர்எஃப்எஸ், டிஸ்க் பழுதானால் மீட்க உதவும் ஸ்நாப்ரெய்ட் இரண்டையும் படிக்கத் தொடங்கிவிட்டேன். படம் இருக்கும் ஒரு டிஸ்க் மட்டும் எழுந்தால் போதும் என்ற அமைப்பு இந்த வீட்டுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

தற்போதைய வேலை இன்னும் முடியவில்லை. மகள் விண்டோஸ் லேப்டாப்பைத் திறந்தாலே, இணைத்துவைத்த டிரைவைத் தேடி 12 டிபி எழுந்துவிடுகிறது, அவள் எதையும் திறக்காவிட்டாலும். டிவியில் படம் போட்டால் டிஸ்க் முழு வேகம் பிடிக்கும் பத்து வினாடிக்குள் சில நேரம் பிழைச் செய்தி வருகிறது, மறுபடி அழுத்தினால் ஓடுகிறது. இன்று காலை டிஸ்கின் உடல்நிலைப் பதிவான ஸ்மார்ட்டில் நான்காம் எண், தொடங்கி நின்ற கணக்கு, 12 டிபிக்கு 61. ஞாயிற்றுக்கிழமை வரை எதையும் தொடாமல் விட்டு, மறுபடி பார்த்து எழுதுகிறேன்.