மார்பு உயரத்துல எழுதுன நம்பர்

43ம் நம்பர் புளியமரத்த நான் முதல்ல பாத்தது ஒரு மாசி மாசம். பழம் முத்தி ஓடு வெடிச்சு கீழ கொட்டிக் கிடந்துச்சு, ஒரு ஆயா முந்தானையில பொறுக்கிட்டு இருந்தாங்க, அவங்க ஆடு ரெண்டு நிழல்ல படுத்திருந்துச்சு. செங்கல்பட்டு பக்கம் 11 ஏக்கர் இடம். முன்னாடி பாதி மாந்தோப்பு, பாதி மானாவாரி, நடுவுல ஒரு பழைய கிணறு, வரப்பு ஓரமா பனை வரிசை. மனைப்பிரிவு போடப் போறாங்க, அதுக்கு முன்னாடி உள்ள என்னென்ன மரம் இருக்கு, எது எப்படி இருக்குன்னு எழுதிக் கொடுக்கணும், அதுதான் என் வேலை. பாட்டனி படிச்சுட்டு இந்த வேலைக்கு வந்து பல வருஷம் ஆச்சு, இன்னும் ஒரு புது சைட்டுக்குள்ள நுழையும்போது நெஞ்சு ஒரு மாதிரி ஆகுது, ஏன்னா நான் எழுதப் போற ஒவ்வொரு வரியும் ஒரு மரத்தோட ஆயுசைத் தொடுது.

வேலை செய்ற முறை ரொம்ப எளிமை. தரையில இருந்து 1.37 மீட்டர், அதாவது நாலரை அடி உயரத்துல, நம்ம மார்பு அளவுக்கு, டேப்ப சுத்திப் பிடிச்சு சுத்தளவு எடுக்கணும். அந்த உயரத்துக்குக் கீழயே மரம் ரெண்டா பிரிஞ்சிருந்தா ரெண்டையும் தனித்தனியா எடுக்கணும். அப்புறம் உயரம், கிளை நாலு பக்கமும் எவ்வளவு தூரம் போகுது, எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்கு, தூர்ல விசிறி மாதிரி காளான் பூத்திருக்கா, பட்டை உரிஞ்சிருக்கா, எங்கயாவது எரிச்ச தடம் இருக்கா, எல்லாம் குறிச்சுட்டு அதே உயரத்துல பெயிண்ட்ல நம்பர் எழுதணும். சிலர் தகடுல நம்பர் வச்சு ஆணி அடிப்பாங்க, எனக்கு மனசு ஒப்பல, பெயிண்டுதான். கூட வர்ற தம்பி டேப்போட அந்தப்பக்க முனையப் பிடிச்சுப்பான், நான் எழுதுவேன், சர்வேயர் ஒவ்வொரு மரத்தையும் டோட்டல் ஸ்டேஷன்ன்ற சர்வே கருவியில பாயிண்ட் எடுத்துப்பார். சீமைக் கருவேலத்த விட்டுட்டு எண்ணினா மொத்தம் 212 மரம், அதுல 64 பனை.

பனையப் பத்தி தனியா சொல்லணும். பனைக்கு சுத்தளவு எடுத்து ஒரு பிரயோஜனமும் இல்ல, அது வருஷா வருஷம் பருக்குற மரம் கிடையாது, சின்ன வயசுல என்ன சுத்தளவோ ஏறக்குறைய அதேதான் கடைசி வரைக்கும், மேல மேலதான் போகும். உயரம், ஆண்பனையா பெண்பனையா, குருத்து நல்லா இருக்கா, அவ்வளவுதான் எழுத முடியும். ஆனா நான் கூடவே கூடு இருக்கான்னும் எழுதுவேன். பனை உழவாரன்ற குருவி ஓலையோட அடிப்பக்கத்துலதான் கூடு ஒட்டும், கிணத்து ஓரப் பனையில தூக்கணாங்குருவி கூடு பத்து பதினஞ்சு தொங்குச்சு. 2021ல வேளாண் பட்ஜெட்டோட சேர்த்து பனைய வெட்டணும்னா கலெக்டர் அனுமதி வேணும்னு அரசு அறிவிச்சுது, அதனால பனைன்னா இப்ப ப்ரமோட்டர்கள் கொஞ்சம் யோசிக்கிறாங்க. அதுவே மாமரம்னா யோசிக்கிறதில்ல, அனுமதி கேட்கவேண்டிய மரம்தான் மரம்ன்ற மாதிரி ஆயிடுச்சு, இது எனக்கு ரொம்ப வருத்தம்.

வெளிய வண்டிப்பாதை ஓரத்துல ஆறு புளியமரம் இருந்துச்சு, அது புறம்போக்கு. அதுக்கு கிராமக் கணக்குல 2சி பட்டா இருக்கு, மரப்பட்டான்னு சொல்லுவாங்க, நிலம் அரசாங்கத்தோடது, பழம் எடுத்துக்குற உரிமை மட்டும் பட்டா வாங்குனவங்களுக்கு. அந்த ஆயாவோட குடும்பத்துக்குத்தான் அதுல ரெண்டு மரம். என்ட்ரன்ஸ் அகலப்படுத்த அந்த ஆறும் போகணும்னு முதல்ல சொன்னாங்க, அது உங்க இடமே இல்ல, அரசு நிலத்து மரத்த எடுக்கணும்னா மாவட்ட பசுமைக் குழுவுக்குப் போகணும்னு சொன்னதும் அந்தப் பேச்சு நின்னு போச்சு.

நான் வேலைக்குச் சேந்த முதல் வருஷம் நடந்தத இங்க சொல்லணும், இல்லன்னா 43ம் நம்பர் மேல எனக்கு ஏன் அவ்வளவு பிடிப்புன்னு புரியாது. வேற ஒரு சைட், அங்கயும் ஒரு பெரிய புளி. தூர்ல ஒரு ஆள் உள்ள உக்காரலாம்ன்ற அளவுக்குப் பொந்து. நிலைமைன்னு ஒரு கட்டம் இருக்கும், நல்லது, சுமார், மோசம் மூணுல ஒண்ணு எழுதணும். நான் மோசம்னு எழுதுனேன். காரணம் பொந்து. அவ்வளவுதான், அடுத்த வாரமே அந்த மரம் போச்சு, மத்த மரத்துக்கெல்லாம் பேச்சுவார்த்தை நடந்துட்டு இருக்கும்போது இது மட்டும் முதல்ல போச்சு, நீங்களே மோசம்னு எழுதியிருக்கீங்களே மேடம்னு சொன்னாங்க. நான் போய் நின்னப்ப அடிமரத்த துண்டு துண்டா அறுத்து வச்சிருந்தாங்க, கறிக்கடை கட்டைக்குன்னு வியாபாரி எடுத்துட்டுப் போறார், புளிதான் கறி வெட்ட நல்லா தாங்கும். வெட்டு முகத்தப் பாத்தேன். நடுவுல பொந்து, சரி, ஆனா சுத்தி இருந்த சுவர் ஒரு அடிக்கு மேல கெட்டியா, ஈரமா, பூச்சி படாம இருந்துச்சு. பொந்துல இருந்த புள்ளி ஆந்தை ஜோடி பக்கத்து கரண்டு கம்பத்துல பகல்ல உக்காந்திருந்துச்சு.

மரத்தோட நடு வைரம் உயிரில்லாத பகுதி, தண்ணி போறதும் மரம் வளர்றதும் வெளிப்பக்கம்தான். வயசான புளி, அரசு எல்லாம் பொந்து விழுந்தும் தலைமுறை தலைமுறையா நிக்குறது அதனாலதான். கெட்டியா இருக்குற சுவர் மரத்தோட ஆரத்துல மூணுல ஒரு பங்கு அளவுக்கு இருந்தா, பெரிய வெடிப்பு எதுவும் இல்லன்னா, உடனே விழுந்துடும்னு பயப்பட வேண்டியதில்லன்னு இந்தத் துறையில ஒரு பொது அளவு இருக்கு. இது எனக்கு புத்தகத்துல தெரியும், அன்னைக்கு சைட்ல ஞாபகம் வரல, வெயில்ல நூறு மரத்துக்கு மேல பாத்துட்டு கடைசியா வந்த மரம் அது. இப்ப வரைக்கும் அந்தக் கட்டத்துல நான் ஒத்த வார்த்தை எழுதுறதே இல்ல. மரச்சுத்தியால சுத்தி வந்து தட்டிப் பாப்பேன், எந்தப் பக்கம் டொப்புன்னு கேக்குது எந்தப் பக்கம் கெட்டியா கேக்குது, பொந்துல என்ன குடியிருக்கு, இன்னும் எத்தனை வருஷம் தாங்கும்னு நினைக்கிறேன், முழு வாக்கியமா எழுதிடுவேன். கரையான் புத்து இருக்குன்னு பாத்ததும் மரம் செத்துச்சுன்னு சொல்றவங்களும் இருக்காங்க, அது பெரும்பாலும் காஞ்ச பட்டையத்தான் தின்னுட்டு இருக்கும், அதையும் விளக்கமா எழுதுறேன். ரிப்போர்ட் நீளமா இருக்குன்னு குறை சொல்றாங்க, சொல்லட்டும்.

43ம் நம்பருக்கு வர்றேன். அதுலயும் பொந்து. சுத்தளவு 220 சென்டிமீட்டர். அந்த ஆயா பக்கத்துல வந்து நின்னு "இன்னாம்மா எழுதுற, வெட்டப் போறாங்களா"ன்னு கேட்டாங்க. தெரியல ஆயான்னேன். "எங்க மாமியார் காலத்துலயே இது இப்டிதான் இருந்துச்சு"ன்னு சொல்லிட்டு மறுபடி பொறுக்கப் போயிட்டாங்க. பக்கத்துலயே இன்னொரு புளி, 44, கொஞ்சம் தள்ளி ஒரு இலுப்பை, 51. இலுப்பையெல்லாம் இப்ப புதுசா யாரும் வைக்கிறதில்ல, ஒரு சைட்ல ஒண்ணு கிடைச்சாலே அதிசயம்.

சாயங்காலம் சைட் ஆபீஸ்ல டிராயிங்க விரிச்சாங்க. அங்கதான் எனக்கு எப்பவும் அடி விழும். மனை, ரோடு, பார்க், எல்லாம் ஏற்கனவே போட்டு முடிச்சிருந்தாங்க, ஒரு காலி பேப்பர் மேல போட்ட மாதிரி. 43, 44, 51 மூணும் மனைக்குள்ள. பார்க்குன்னு பச்சை அடிச்சிருந்த இடம் மூலையில, ஒரு மரம்கூட இல்லாத பொட்டல். இந்த அளவு இடத்துல மனைப்பிரிவு போட்டா ரோடு போக மீதி நிலத்துல 10 சதவீதம் ஓஎஸ்ஆர், அதாவது பொதுத் திறந்தவெளி, விட்டே ஆகணும், அத தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்துடணும், தமிழ்நாட்டோட 2019 கட்டிட விதிகள்ல இருக்கு. எப்படியும் விடப் போற நிலம்தான், அது எந்த இடத்துல வரணும்ன்றத மரத்தப் பாத்துட்டு முடிவு பண்ணா போதும், ஆனா மரத்தப் பாக்க என்னக் கூப்பிடுறதே டிராயிங் முடிஞ்சப்புறம்தான். அப்ப நான் பண்ற வேலைக்குப் பேரு மதிப்பீடு இல்ல, வெட்டப் போற மரத்துக்கு லிஸ்ட் எழுதுறது. இங்கிலாந்துல பிஎஸ் 5837ன்னு ஒரு ஸ்டாண்டர்டு, 2012ல வந்த பதிப்பு நான் பாத்தது, அதுல மரத்த முதல்ல அளந்து தரம் பிரிச்சுட்டு அதுக்கு அப்புறம்தான் லேஅவுட் போடணும்ன்ற வரிசையில எல்லாம் வச்சிருக்காங்க. அதுலயே வேருக்கு ஒரு கணக்கு இருக்கு, மரத்தோட விட்டத்த பன்னெண்டால பெருக்கினா வர்ற தூரம் வரைக்கும் சுத்தி மண்ணத் தொடக்கூடாது.

அந்தக் கணக்க அன்னைக்கு அவங்க முன்னாடியே போட்டேன். சுத்தளவு 220ன்னா விட்டம் 70 சென்டிமீட்டர், பன்னெண்டு மடங்கு 8.4 மீட்டர், அந்த வட்டத்தோட பரப்பு கிட்டத்தட்ட 2386 சதுர அடி. அதாவது ஒரு கிரவுண்ட். மீட்டர்ல சொன்னப்ப சும்மா தலையாட்டிட்டு இருந்தவங்க ஒரு கிரவுண்டுன்னதும் நிமிர்ந்து உக்காந்தாங்க. ஒரு மரத்துக்கு ஒரு கிரவுண்டாம்மான்னு அவங்கள்ல பெரியவர் ஒருத்தர் கேட்டார், கோவமா கேக்கல, நிஜமாவே ஆச்சரியமா கேட்டார். ஆமாங்க, அதனாலதான் அத மனைக்குள்ள விடாதீங்க, பார்க்குக்குள்ள விடுங்கன்றேன், மனை வாங்குறவர் வீடு கட்டத்தான வாங்குறார், அவரால அந்த மரத்த வச்சிருக்கவே முடியாதுன்னேன். நல்லவேளை அப்ரூவலுக்கு இன்னும் கொடுக்கல. மூணு வாரம் இழுத்துச்சு, கடைசில பார்க்க மூலையில இருந்து நடுவுக்குக் கொண்டு வந்தாங்க, 43, 44, 51 மூணும் உள்ள வந்துச்சு, கிணத்து ஓரப் பனையும் தப்பிச்சுது. மாந்தோப்பு முழுசாப் போச்சு. மாமரம் ஒண்ணுகூடக் காப்பாத்த முடியல, எல்லாம் காய்க்குற மரம்.

மாமரத்த டிரான்ஸ்பிளான்ட் பண்ணிடலாமே மேடம்னு சொன்னாங்க. ஆல், அரசு, அத்தி, பூவரசு இதெல்லாம் போத்து, அதாவது வெட்டுன கிளைய, நட்டு வச்சாலே துளிர்க்குற ஜாதி, அத வேரோட பேத்து வச்சாலும் பிழைக்க வாய்ப்பு அதிகம். வயசான மா, புளி அப்படி இல்ல, வேர் அறுபட்டா திரும்ப விடுறது ரொம்பக் கஷ்டம். ஒரு மரத்துக்குப் பத்து கன்னு வைக்கிறோம்னாங்க, எங்க வைப்பீங்கன்னு கேட்டேன், காம்பவுண்டு ஓரமா அஞ்சடிக்கு ஒண்ணாம், மேல கரண்டு கம்பி. அத எழுத்துல ஆட்சேபிச்சேன், பதில் வரல.

அடுத்த தை மாசம் வேற வேலையா அந்தப் பக்கம் போனவ உள்ள நுழைஞ்சு பாத்தேன். தார் ரோடு, மஞ்சக் கல்லு, பார்க்குக்கு வேலி, மூணு மரமும் நிக்குது. ரொம்ப சந்தோஷமா 43 கிட்ட போனேன். ஏதோ சரியில்ல. மரம் குட்டையான மாதிரி இருந்துச்சு. என்னன்னு புரியவே ஒரு நிமிஷம் ஆச்சு, நான் மார்பு உயரத்துல எழுதுன நம்பர் என் இடுப்புக்குக் கீழ இருந்துச்சு.

ரெண்டடிக்கு மேல கிராவல் கொட்டியிருக்காங்க. தாழ்வான இடம், மழையில தண்ணி நிக்கும், ரோடு மட்டத்துக்கு ஏத்தணும்னு மொத்தமா ரோலர் விட்டு லெவல் பண்ணியிருக்காங்க, மரத்துக்கு ஒரு கெடுதலும் பண்ணலன்னு அவங்க நிஜமாவே நினைச்சிருக்காங்க. மரத்துக்குத் தண்ணியும் சத்தும் எடுக்குற பொடி வேரெல்லாம் பெரும்பாலும் மேல் ரெண்டு மூணு அடி மண்ணுலதான் பரந்து இருக்கும், அதுக்கு காத்து வேணும். மேல ரெண்டடி மண்ணப் போட்டு அமுக்கிட்டா மூச்சு முட்டிப் போகும், ஆனா உடனே சாகாது, ரெண்டு வருஷம் மூணு வருஷம் எடுத்துக்கும், அப்புறம் என்னமோ பட்டுப்போச்சுன்னு சொல்லி வெட்டிடுவாங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அடிச்சப்ப சென்னையில விழுந்து கிடந்த மரங்கள நடந்து நடந்து பாத்திருக்கேன், தூர் வரைக்கும் சிமெண்ட் போட்டது, ஒரு பக்கம் கேபிளுக்குத் தோண்டி வேர அறுத்தது, அப்படித்தான் நிறைய இருந்துச்சு. நான் என் ரிப்போர்ட்ல எங்க தப்பு பண்ணேன்னா, வெட்டக்கூடாதுன்னு எழுதுனேன், தோண்டக்கூடாதுன்னு எழுதுனேன், மண்ணு கொட்டக்கூடாதுன்னு எழுதல.

சைட் இன்ஜினியர் சின்னப் பையன், விஷயத்த சொன்னதும் முகம் வாடிருச்சு, அக்கா இப்ப என்ன பண்ணலாம்னு கேட்டான். ஜேசிபி வேணாம் வேர இழுத்துடும்னு சொல்லி நாலு ஆள் வச்சு கடப்பாரை மம்பட்டியில கையாலயே எடுக்கச் சொன்னேன். முழு வட்டம் முடியல, ஒரு பக்கம் ரோடு வந்துடுச்சு, நாலு மீட்டர் வரைக்கும் பழைய மண்ணு தெரியுற வரை எடுத்தோம், சுத்தி கருங்கல்லு உதிரியா அடுக்கி, மழைத்தண்ணி குழிக்குள்ள தேங்காம வெளிய போக ஒரு பைப் வச்சோம். 44க்கும் 51க்கும் அதே மாதிரி. ஆறு நாள் ஆச்சு. கிராவல முழுசா எடுத்ததும் பழைய மண்ணோட வாசம் வந்துச்சு, புளியங்கொட்டை கூட அப்படியே கிடந்துச்சு. இப்ப நான் போற எல்லா சைட்டுக்கும் ரிப்போர்ட்டோட முதல் பக்கத்துலயே, மரத்தோட தூர்ல இப்ப இருக்குற தரைமட்டம் எவ்வளவுன்னு சர்வேயர்கிட்ட வாங்கி எழுதிடுறேன், வட்டத்துக்குள்ள அந்த மட்டம் மாறக்கூடாதுன்னு.

வைகாசில மறுபடி போனேன். 43ல மேற்கால இருக்குற ரெண்டு கிளை பட்டுப்போச்சு, அது ரோட்டுப் பக்கம். மீதி எல்லாம் துளிர் விட்டு இளம்பச்சையா நிக்குது, இலுப்பைக்கு ஒண்ணும் ஆகல, 44 பத்தி இப்பவே எதுவும் சொல்ல முடியாது. ஆடு உள்ள வரக்கூடாதுன்னு வேலி போட்டிருக்கறதால ஆயா வெளிய வண்டிப்பாதையில அவங்க மரத்தடியில உக்காந்திருந்தாங்க, கையக் காட்டுனாங்க. டேப்ப எடுத்து மறுபடி சுத்திப் பிடிச்சேன். நம்பர் என் மார்பு உயரத்துல இருந்துச்சு.