மன்னிப்பு கிடைத்த பிறகும் உறுத்துகிறதே, ஏன்?

குருவிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனம் செய்தாயிற்று, அதற்கு ஈடாகச் சாமியார் செய்யச் சொன்ன அபராதத்தையும் முடித்தாயிற்று. ஆனாலும் நெஞ்சில் அடைத்துக்கொண்டு நிற்பது போகவில்லை. பூண்டி, கும்பகோணம், நாகப்பட்டினம், வேளாங்கண்ணி என்று காவிரிப் பாசனப் பகுதியில் எந்தப் பங்குக்குப் போனாலும் இந்தக் கேள்வி இருக்கிறது. லுத்தரன் சபையாரும் சி.எஸ்.ஐ. சபையாரும் இதையே வேறு விதமாகக் கேட்பார்கள்: "பாவ அறிக்கை சொல்லி, மன்னிப்பின் வாக்கைக் கேட்டு, திருவிருந்திலும் சேர்ந்தாயிற்று. ஆண்டவர் மன்னித்துவிட்டார் என்பதை எப்படி அறிவது?"

மன்னிப்பது கடவுள் செய்கிற காரியம். உறுத்துவது நம் மனசு. மனசு ஓய்ந்த பிறகுதான் மன்னிப்பு செல்லும் என்று வேதாகமத்தில் எங்கும் எழுதவில்லை. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்பது 1 யோவான் 1:9. அந்த வசனம் அவருடைய உண்மையின் மேல் நிற்கிறது. நமக்கு எப்படித் தோன்றுகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதே நிருபம் 3:20இல், நம் இருதயமே நம்மைக் குற்றவாளியாகத் தீர்த்தாலும் தேவன் நம் இருதயத்திலும் பெரியவர் என்கிறது. இருதயம் தவறாகத் தீர்ப்புச் சொல்லக்கூடும் என்பதை யோவான் முன்பே எழுதி வைத்திருக்கிறார்.

நம் ஊருக்குப் புரிகிற மாதிரி சொன்னால், 2021 பிப்ரவரியில் கூட்டுறவுச் சங்கப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தமிழக அரசு தள்ளுபடி செய்தது. அந்தப் பணம் காற்றில் கரைந்து போகவில்லை, அரசு தன் தலையில் ஏற்றுக்கொண்டது. தள்ளுபடி ஆன பிறகு ஒருவர் ராத்திரியெல்லாம் தூங்காமல் கடனை நினைத்துப் புரளலாம். காலையில் சங்கத்துக்குப் போய்ப் பணத்தை நீட்டினால், வரவு வைக்க அவர் பெயரில் பாக்கி இருக்காது. சிலுவை என்பது அந்தப் பாக்கியைக் கடவுள் தன் மேல் எடுத்துக்கொண்ட இடம். மத்தேயு 18இல் ராஜாவுக்கு 10,000 தாலந்து கடன்பட்ட ஓர் ஊழியக்காரனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. 10,000 தாலந்து என்றால் 6 கோடி நாள் கூலி. தினமும் வேலைக்குப் போனாலும் அடைக்க ஒன்றரை லட்சம் வருஷத்துக்கு மேல் ஆகும். "பொறுத்துக்கொள்ளும், எல்லாவற்றையும் கொடுத்துத் தீர்க்கிறேன்" என்று அந்த ஊழியக்காரன் கெஞ்சுவது நடக்காத பேச்சு. ராஜாவுக்கும் அது தெரியும். அவர் தவணை கொடுக்கவில்லை, கடனையே மன்னித்துவிட்டார்.

பிறகு ஏன் மனசு ஏற்க மறுக்கிறது? ஒரு காரணம் நாம் வளர்ந்த பேச்சு. "செய்த பாவம் சும்மா விடாது", "யார் செஞ்ச பாவமோ" என்பதைச் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். கும்பகோணத்தில் 12 வருஷத்துக்கு ஒருமுறை மகாமகம் நடக்கிற மண் இது. பாவமும் பரிகாரமும் தெருவில் புழங்குகிற பேச்சு. ஞானஸ்நானம் பெற்ற பிறகும் உள்ளுக்குள் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தாலோ, தாளடி நெற்பயிர் தண்ணீரில் மூழ்கினாலோ, "அன்னைக்குச் செஞ்சதுக்கு இன்னைக்கு வாங்குறேன்" என்று தோன்றும். பிறவியிலேயே பார்வையற்றவனைக் காட்டிச் சீஷர்கள் இதைத்தான் கேட்டார்கள். இவன் செய்த பாவமும் அல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமும் அல்ல என்றார் இயேசு. முன்னோர் பாவக் கட்டை உடைக்கிறோம் என்று காணிக்கை கேட்கிற கூட்டங்களைப் பற்றி எனக்கு ஒளிவுமறைவு கிடையாது: தகப்பன் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்கிற எசேக்கியேல் 18ஐ வாசித்தவர் யாரும் அதற்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

நேர்ச்சையும் இப்படித்தான் இடம் மாறிப் போகிறது. காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடப்பது, மணல் பாதையில் முழங்காலால் போவது, மொட்டை போடுவது எல்லாம் அன்பாலும் நன்றியாலும் செய்தால் அழகான பக்தி முயற்சிகள். பாவத்துக்கு விலையாக அதை வைத்தால் எத்தனை முறை போனாலும் போதாது. கூலிக்காரருக்கு அறுப்புக் கூலியை நிறுத்தி வைத்துவிட்டு மாதாவுக்கு வெள்ளியில் உருவம் செய்து வைப்பவர், கொடுக்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் கொடுக்கிறார்.

பாவசங்கீர்த்தனத்தில் என்ன கோளாறு நடக்கிறது என்பதையும் விவரமாகச் சொல்ல வேண்டும். பலருடைய உறுத்தல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பழைய ஞானோபதேசம் (மறைக்கல்விப் பாடம்) ஐந்து காரியம் கேட்கும்: ஆத்தும சோதனை (செய்த பாவங்களை நினைத்துப் பார்ப்பது), மனஸ்தாபம் (செய்ததற்கு வருந்துவது), இனிச் செய்வதில்லை என்ற பிரதிக்கினை, குருவிடம் வெளிப்படுத்துவது, அபராதம் தீர்ப்பது. இதில் முதலாவதை அவசரமாக முடித்துவிட்டுப் பாவசங்கீர்த்தனத் தொட்டி என்கிற கூண்டுக்குள் போகிறோம். பூசைக்கு மணி அடித்த பிறகு, பின்னால் நாற்பது பேர் நிற்கும்போது, இருபது வருஷத்துப் பாரத்தை இறக்கி வைக்க முடியாது. நெடுங்காலமாகச் செய்யாதவர்கள் பங்குத்தந்தையிடமோ, தெரியாத வேறு பங்கின் சாமியாரிடமோ முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொள்வது நல்லது. முகம் காட்ட வெட்கமாக இருந்தால் தொட்டியின் சல்லடைத் தட்டிக்குப் பின்னால் இருந்து சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. போனிலும் வாட்ஸ்அப்பிலும் செய்கிற பாவசங்கீர்த்தனம் செல்லாது.

உள்ளே போனதும் கடைசியாக எப்போது செய்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். கன பாவங்களை (சாவான பாவங்களை) இன்ன பாவம், இத்தனை முறை என்று சொல்ல வேண்டும். எண்ணிக்கை நினைவில்லையா, "மாசத்துக்கு ரெண்டு மூணு தடவை, அஞ்சு வருஷமா" என்றால் போதும். மாமியார் என்ன சொன்னார், மச்சான் எப்படி ஏமாற்றினான் என்ற கதை வேண்டாம். மற்றவர் பெயரும் வேண்டாம். உண்மையிலேயே மறந்துபோன பாவமும் மற்றவற்றோடு சேர்ந்து மன்னிக்கப்பட்டுவிட்டது. பிறகு நினைவுக்கு வந்தால் அடுத்த முறை சொல்லிக்கொள்ளலாம், அதற்காக நற்கருணை வாங்காமல் ஒதுங்க வேண்டாம். தெரிந்தே ஒரு கன பாவத்தை மறைத்தால்தான் அந்தப் பாவசங்கீர்த்தனம் செல்லாமல் போகிறது. பல வருஷம் உறுத்துகிறவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுவே: ஒன்றை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொல்லியிருப்பார்கள். அவர்களுக்கு வழி எளிது. "அன்றைக்கு ஒன்றை மறைத்துவிட்டேன், அதிலிருந்து எடுத்துச் சொல்கிறேன்" என்று தொடங்கினால் குருவானவர் மீதியைக் கேட்டு வழிநடத்துவார். கேட்டதை அவர் வாயாலோ ஜாடையாலோ வெளியிட முடியாது. நேரடியாக வெளியிட்டால் அந்த நொடியே திருச்சபையிலிருந்து விலக்கப்படும் தண்டனைக்கு உள்ளாவார்.

ஜெர்மானிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்திறங்கிய தரங்கம்பாடியின் வழிவந்த லுத்தரன் சபைகளில் பாவங்களை எண்ணிச் சொல்லும் கட்டாயம் இல்லை. 1530ஆம் ஆண்டின் ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை எல்லாப் பாவத்தையும் வரிசைப்படுத்துவது தேவையில்லை என்கிறது. ஆனால் தனிப்பட்ட பாவமன்னிப்பைச் சபையில் நிலைநிறுத்த வேண்டும் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. நம் பக்கத்தில் இரண்டாவது பாதி ஏறக்குறைய மறந்தே போய்விட்டது. ஞாயிறு ஆராதனையின் பொது அறிக்கை போதாமல் ஒரு காரியம் மட்டும் அரித்துக்கொண்டிருந்தால், சபைப் போதகரிடம் தனியாகப் போய்ச் சொல்லி, பெயர் சொல்லி மன்னிப்பு வாக்கைக் கேட்கலாம். அது கத்தோலிக்கப் பழக்கம் என்று தயங்க வேண்டாம்.

அடுத்தது, ஈடுகட்டுவது. கடவுள் மன்னித்துவிட்டார் என்பதால் பக்கத்து வயல்காரருடைய வரப்பு பழைய இடத்துக்குத் தானாக நகராது. உறுத்தல் நியாயமானதாக இருக்கிற இடம் இது. எடுத்ததை முழுவதும் கொடுத்து, அதில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது லேவியராகமம் 6. வரி வசூலித்துப் பணம் சேர்த்த சகேயு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். இன்று குறைந்தபட்சம் எடுத்த முதலும் அதனால் வந்த நஷ்டமும் திரும்பிப் போக வேண்டும். ஒரே தடவையில் முடியாவிட்டால் தவணையாகக் கொடுக்கலாம். உரியவர் இறந்துவிட்டால் வாரிசுகளுக்கு, யாரென்றே கண்டுபிடிக்க முடியாவிட்டால் ஏழைகளுக்கு. நேரில் போனால் வெட்டுக்குத்தில் முடியும் என்றால் பெயர் சொல்லாமல் சேர்ப்பிக்கலாம். குருவானவர் வழியாகவும் கொடுத்தனுப்பலாம். கந்து வட்டி வாங்கியவர் அசலுக்கு மேல் கறந்ததைத் திருப்பிக் கொடுக்காமல் தவக்காலத்தில் 40 நாளும் ஒரு சந்தி (உபவாசம்) இருந்தாலும் அந்தக் காரியம் பாக்கியாகவே இருக்கும்.

எல்லாவற்றையும் எல்லாரிடமும் சொல்லிவிடுவது ஈடுகட்டுவது ஆகாது. முடிந்துபோன தகாத உறவைக் கணவரிடமோ மனைவியிடமோ சொன்னால்தான் மன்னிப்பு என்று எந்தச் சட்டமும் இல்லை. தன் பாரம் குறைய இன்னொருவர் தலையில் அதை இறக்குவது சில வேளை இரண்டாவது தீங்காகிவிடும். குருவிடம் கலந்து பேசி முடிவெடுங்கள். ஆனால் ஒரு பிள்ளைக்குப் பாலியல் தீங்கு செய்தவர் "ஆண்டவர் மன்னித்துவிட்டார்" என்று சொல்லி 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்திலிருந்து ஒதுங்க முடியாது. பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் "மன்னிச்சுடும்மா" என்று குடும்பத்தார் நெருக்குவது மகா அநியாயம்.

பாவமே இல்லாததற்காக ஆயுசெல்லாம் மன்னிப்புக் கேட்பவர்களும் உண்டு. கருச்சிதைவு தானாக நேர்ந்ததை, நடவுக்குக் குனிந்ததால்தான், குடம் தூக்கியதால்தான் என்று சுமக்கிற பெண்கள் எத்தனை பேர்! கெடுக்கப்பட்டவள் தன்னையே பாவி என்று நினைத்துக்கொள்கிறாள். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமியில் நாகப்பட்டினம் கரையில் பிள்ளையின் கை நழுவிப்போன தகப்பன், தாய் இன்னமும் இருக்கிறார்கள். அறிந்து, மனமொத்துச் செய்யாதது பாவம் ஆகாது. அதை ஆயிரம் முறை அறிக்கையிட்டாலும் ஆறாது, ஏனென்றால் அது துக்கம். துக்கத்துக்கு அழ இடம் வேண்டும், உட்கார்ந்து கேட்க ஒருவர் வேண்டும், இறந்தவர் நினைவாக ஒரு பூசை வேண்டும்.

தெரிந்தே கருக்கலைத்தவர்கள் விஷயம் வேறு. அது கன பாவம் என்பதை மழுப்பக் கூடாது; ஆனால் அதற்கு மன்னிப்பே கிடையாது, மறைமாவட்ட ஆயரிடம்தான் போக வேண்டும் என்ற பயத்தில் கோயில் பக்கமே வராதவர்களுக்கு இது தெரிய வேண்டும்: 2016 நவம்பரில் போப் பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் அந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை நிரந்தரமாக்கினார். உங்கள் பங்குச் சாமியாரே போதும். கணவரும் மாமியாரும் வற்புறுத்தி நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். வற்புறுத்தியவர்களுக்கும் அதில் பங்கு உண்டு, அவர்களும் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும்.

மீதி இருப்பது, எல்லாம் சரியாகச் செய்தும் ஓயாத பயம். அதே பழைய பாவத்தை வாராவாரம் சொல்வது, ஜெபத்தில் ஒரு வார்த்தை தடுமாறினால் முதலிலிருந்து தொடங்குவது, "நிஜமாவே மன்னிச்சாரா ஃபாதர்?" என்று ஆள் மாற்றி ஆளைக் கேட்பது. இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார் 1522இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் இந்த வேதனையில் உயிரை மாய்த்துக்கொள்ளலாமா என்ற அளவுக்குப் போனார். மார்ட்டின் லூத்தரும் துறவு மடத்தில் இதே பாடு பட்டவர். பழைய பாவத்தைத் திரும்பச் சொல்வதை நிறுத்தியபோதே இஞ்ஞாசியாருக்கு விடுதலை வந்தது. ஒரே ஒரு குருவை வைத்துக்கொள்வது, அவர் "இதை இனிச் சொல்லாதே" என்றால் அரித்தாலும் சொல்லாமல் இருப்பது, இந்த இரண்டும்தான் மருந்து. ஒவ்வொரு முறை சமாதானம் கேட்கும்போதும் பயத்துக்குத் தீனி போடுகிறோம். தூக்கமும் பசியும் கெட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் எதற்கெடுத்தாலும் குற்றவுணர்வு அமுக்கினால் அது மனச்சோர்வு நோயின் அறிகுறியாக இருக்கலாம். மனநல மருத்துவரைப் பாருங்கள்; 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பரிசுத்த ஆவிக்கு விரோதமான மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேனோ என்று நடுங்குகிறவர், அதைச் செய்யவில்லை. இரக்கம் வேண்டவே வேண்டாம் என்று கடைசி மூச்சு வரை தள்ளுகிறவனுடைய பாவம் அது.

வீட்டில் நோயாளி இருப்பவர்களுக்கு ஒன்று. "ஃபாதர் வந்தா ஆளு போயிடுவாங்க" என்று பயந்து, பேச்சு நின்ற பிறகு பங்குக்கு ஓடுவது இங்கே வழக்கமாகிவிட்டது. பெரியவர் வாய்விட்டுப் பேசும்போதே கூப்பிடுங்கள். ஒரு மேசையில் வெள்ளைத் துணி, சிலுவை, மெழுகுதிரி, தீர்த்தம் வைத்துவிட்டு, பாவசங்கீர்த்தனம் முடியும் வரை எல்லாரும், மூத்த மகன் உட்பட, அறையை விட்டு வெளியே போய்க் கதவைச் சாத்த வேண்டும். காது மந்தமானவர் என்றால் தெருவுக்கே கேட்கும், டி.வி.யைச் சத்தமாக வைத்துவிடுங்கள். நினைவு தப்பிவிட்டாலும் கூப்பிடாமல் இருக்காதீர்கள்: நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதலைப் பெறுபவர் மனஸ்தாபத்தோடு இருந்தவரானால் அதிலேயே பாவங்கள் மன்னிக்கப்படும் என்பது திருச்சபையின் போதனை, அதற்கு ஆதாரம் யாக்கோபு 5:15.