எட்டுப் பேர், ஆறு பெட்டி, ஒரு வான்

வெள்ளவத்தையில் வாடகைக்கு வான் தேடுபவனுக்கு வான் கிடைக்க முன்னமே ஆலோசனை கிடைத்துவிடும். மரக்கறிக்கடைக்காரர் தொடக்கம் மேல்மாடி மாமி வரை எல்லாருக்கும் "தெரிஞ்ச பொடியன் ஒருத்தன்" இருப்பான். அவனிடம் வான் இருக்கும், இல்லாவிட்டால் அவனுடைய மச்சானிடம் இருக்கும். வாடகை எவ்வளவு என்று கேட்டால் மட்டும் "அதை நீங்கள் நேரா கதைச்சுக்கொள்ளுங்கோ" என்று கழன்றுவிடுவார்கள்.

நாங்கள் போகவேண்டியது யாழ்ப்பாணம். நல்லூர்த் தேருக்கென்று ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா, பெரியப்பா, அவர்களுடைய மகன் மூவரும் வந்திறங்கியிருந்தார்கள். எங்கள் பக்கம் அப்பா, அம்மா, மனைவி, மகள், நான். நல்லூரில் 25 நாள் திருவிழா, 24 ஆம் நாள் தேர். அந்தக் கிழமையில் கொழும்பில் உருளக்கூடிய வான் எல்லாம் வடக்கே போய்விடும். மிச்சம் இருப்பவை ஏன் மிச்சம் இருக்கின்றன என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் விளங்கும்.

ஆட்களை ஏற்றுவது பெரிய காரியமில்லை. நெருங்கி இருக்கச் சொன்னால் இருப்பார்கள், முணுமுணுத்துக்கொண்டாவது இருப்பார்கள். பெட்டி அப்படி நெருங்காது. அவர்கள் வந்த விமானத்தில் ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு 23 கிலோ. பெரியம்மா அந்த உரிமையில் ஒரு கிராமையும் விமானக் கம்பனிக்கு விட்டுக்கொடுத்தவர் அல்லர். ஆறு பெட்டி, 138 கிலோ. அதில் அவர்களுடைய உடுப்பு ஒரு பெட்டிக்கும் காணாது. மிச்சமெல்லாம் சொந்தக்காரருக்குக் கொடுக்கிற சாமான்: சொக்லேட், விற்றமின் குளிசை, நோவுக்குப் பூசுகிற மருந்து, யாருக்கோ சப்பாத்து. இவை போதாதென்று, கோப்பாயில் இருக்கும் தன் அக்காவுக்கென்று பெரியப்பா ஒரு வோக்கர் கொண்டுவந்திருந்தார். வயதானவர்கள் பிடித்து நடக்கும் அலுமினியச் சட்டம். மடிக்கலாம் என்று பெட்டியில் படம் போட்டிருந்தது. மடித்தாலும் அதன் உயரம் குறையவில்லை.

பெட்டிகளை இரவு பஸ்ஸில் பார்சலாகப் போட்டுவிட்டு நாங்கள் காற்று வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "பெட்டியைத் தனிய விடுறதோ?" என்றார் பெரியம்மா. பிள்ளையைத் தனிய அனுப்பச் சொன்னாலும் அவ்வளவு அதிர்ந்திருக்க மாட்டார். அவருடைய பிள்ளை ரொறன்ரோவிலிருந்து போன வருடம் தனியேதான் வந்து போனான்.

அத்தானின் கட்சி, சாரதி இல்லாமல் இரண்டு ஹைபிரிட் கார் எடுப்பது. பெற்றோல் மிச்சமாகும் என்று கணக்கெல்லாம் போட்டு வட்ஸ்அப்பில் அனுப்பினார். பெற்றோல் மிச்சமாகும்தான். ஆனால் அந்த மாதிரிப் பழைய கார்கள் பலவற்றில் பெரிய பற்றரியைப் பின் இருக்கைக்குப் பின்னால் வைத்திருப்பார்கள், அந்தளவுக்கு டிக்கி குறையும். அதோடு இரண்டாவது காரை யார் ஓட்டுவது? பெரியப்பாவின் மகனுக்கு ஓட்டத் தெரியும், ஆனால் அவன் பழகியது வலப்பக்க வீதி. காலி வீதியில் தனியார் பஸ் ஒன்று அவனை உரசிக்கொண்டு போனதைப் பார்த்த நாளிலிருந்து நடைபாதையில் நடப்பதற்கே அவன் யோசித்தான்.

அப்பா சின்ன வான் கட்சி. சுசுகி எவ்ரி போதும் என்றார். "யாழ்ப்பாணம் போற வழியில ஏற்றம் எங்க இருக்கு? நுவரெலியா எண்டால் யோசிக்கலாம்." அதில் நியாயம் இல்லாமல் இல்லை, புத்தளம் தாண்டினால் வழி முழுக்கத் தட்டைதான். ஆனால் அந்த வான் ஜப்பான்காரன் தன்னுடைய ஒடுக்கமான தெருக்களுக்கென்று வைத்திருக்கும் சின்ன ரகம். சட்டப்படி 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சிசி, அதற்குமேல் போகக்கூடாது. எங்கள் பெரியப்பா ஒருவரே அகலத்தில் கணிசமான பங்கை எடுத்துக்கொள்வார்.

அம்மா எதையும் கணக்குப் பார்க்கவில்லை. "டொல்பின் ஒண்டு பிடி" என்றார். டொல்பின் என்று நாங்கள் கூப்பிட்ட அந்தப் பழைய வான் தெருவில் அருகி எத்தனையோ காலம். அம்மாவின் மனதில் அது இன்னும் மாவனெல்லையில் தேத்தண்ணிக்கு நிற்கிறது.

இப்படி ஆளுக்கொரு கட்சி நடந்துகொண்டிருக்க, நான் எட்டுப் பேருக்கு இருக்கை உள்ள ஜப்பான் குடும்ப வான் ஒன்றைப் பார்க்கத் தெஹிவளைக்குப் போனேன். சும்மா போகவில்லை. பெரியம்மாவின் பெட்டிகளில் பெரியதை வெறுமையாக்கி, அதையும் கொண்டு போனேன். முச்சக்கரவண்டிக்காரர் பெட்டியைப் பார்த்துவிட்டு "எயார்போட்டா?" என்று உற்சாகமாகக் கேட்டார். தெஹிவளை என்றதும் முகம் வாடிவிட்டது. வழி முழுக்கக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டில் சண்டை என்று நினைத்திருக்க வேண்டும். இறங்கும்போது மிச்சக்காசை எண்ணித் தந்து, "எல்லாம் சரியாகும் அண்ணே" என்றார்.

வான் நின்ற இடத்தில் முதலாளி நானா கதிரையில் இருந்து பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார். பெட்டியோடு நான் வருவதைக் கண்டு எழுந்துவிட்டார்.

"என்ன தம்பி, இப்பவே புறப்படுறீங்களா?"

"இல்ல நானா, அளவு பார்க்க."

பின்கதவைத் தூக்கிக் காட்டினார். உள்ளே விசாலமாக இருந்தது, பெட்டி கம்பீரமாகப் போய் நின்றது. எனக்கும் சந்தோசம், அவருக்கும் சந்தோசம். அப்புறம்தான் மூன்றாவது வரிசை இருக்கை எங்கே என்று கேட்டேன். இரண்டு பக்கமும் சுவரோடு மடிந்து கிடந்ததை நானா இறக்கி விரித்தார். அது விரிய விரியப் பெட்டி பின்னால் நகர்ந்து நகர்ந்து, கடைசியில் என்னுடைய கைக்கு வந்துவிட்டது. இருக்கைக்கும் கதவுக்கும் இடையில் ஒரு தேங்காய்ப்பூத் துவாய் மடித்து வைக்கலாம்.

"எட்டுப் பேர் எண்டீங்க, எட்டுப் பேருக்கு இடம் ஈக்கிது" என்றார் நானா. அவர் சொன்னதில் பிழையே இல்லை. எட்டு இருக்கை என்று எழுதுகிறவன், எட்டுப் பேரும் கையை வீசிக்கொண்டு வருவார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறான். அப்படி வருகிற குடும்பத்தை நான் எங்கள் பக்கத்தில் கண்டதில்லை.

நான் அளவுநாடாவை எடுத்து அகலம், ஆழம், கதவின் உயரம் எல்லாம் எடுக்கத் தொடங்கினேன். நானா கொஞ்ச நேரம் பார்த்தார். "கூரையில கரியர் பூட்டித் தாறன், மேல போடுங்க" என்றார். கரியரில் பெட்டி போகலாம், சொக்லேட் போகாது. அனுராதபுரத்து வெயிலில் கூரையில் கிடந்தால் கோப்பாய் போகும்போது அது குடிக்கிற பதத்தில் இருக்கும். இதைச் சொன்னதும் நானாவுக்கு வழி தெளிந்துவிட்டது. "ஒங்களுக்கு இது சரிவராது, கேடிஎச்தான்" என்று பின்வளவுக்குக் கூட்டிப்போனார்.

கேடிஎச் என்றால் நம் ஊரில் விளக்கம் தேவையில்லை. 2004 இல் வந்த டொயோட்டா ஹைஏஸ் வான், டீசல், உயரக்கூரை. கல்யாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் கதிர்காமத்துக்கும் அதுதான். வாகன இறக்குமதியை 2020 இல் நிறுத்திவிட்டு 2025 ஆரம்பத்தில்தான் தனியாருக்குத் திரும்பத் திறந்தார்கள். புது வான் இறங்காத அந்த வருடங்களில் ஓடி ஓடி உழைத்தவைதான் இவை. இதற்கும் வயது பத்தைத் தாண்டியிருந்தது. நானா அதன் முதுகைத் தட்டியபடி "மனிசர் மாதிரியில்ல தம்பி, இது வயசு போகப் போக விலை கூடுது" என்றார்.

பின்னுக்குள்ள கடைசி வரிசையை மடித்துக் கட்டிவிட்டால் ஆறு பெட்டியும் நிற்கும், அதற்கு முன்னால் எட்டுப் பேரும் காலை நீட்டலாம். நான் தலையாட்டினேன். ஆனால் வான் பிடித்துப்போவது பாதிக் காரியம்தான், மிச்சம் நிபந்தனையில் இருக்கிறது. இங்கே நாளுக்கு இத்தனை கிலோமீற்றர் என்று ஒரு கணக்கு, தாண்டினால் ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் தனிக்காசு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், போகிற ஒரு நாளிலேயே கணக்கு கிழிந்துவிடும். நாளுக்கு நாள் பார்க்காமல் முழுப் பயணத்துக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று பேசிக்கொண்டேன். சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் வான் சும்மா நிற்கும் நாட்களும் அப்போது எங்கள் பக்கம் சேரும். வான் எடுக்கிறவர்கள் வேறு எதைக் கேட்க மறந்தாலும் இதைக் கேளுங்கள். சாரதிக்குச் சாப்பாடும் படுக்க இடமும் எங்கள் பொறுப்பு, டீசலும் எங்கள் பொறுப்பு, நிரப்பித் தருவார்கள், நிரப்பிக் கொடுக்கவேண்டும்.

பிறகு நானா ஒரு படிவத்தை எடுத்தார். வானின் நாலு பக்கமும் படமாகக் கீறியிருந்தது. ஒவ்வொரு கீறலையும் நெளிவையும் அதில் குறிக்கவேண்டும். நாங்கள் இருவரும் குனிந்து நிமிர்ந்து வானைச் சுற்றிவந்தோம். இடப்பக்கக் கதவில் நகக்கீறல் ஒன்றை நான் கண்டுபிடிக்க, "நல்ல கண்ணு" என்று பாராட்டி அதையும் எழுதினார். போனில் படமும் எடுத்துக்கொண்டேன்.

புறப்பட்டது விடியப்புறம் நாலு மணிக்கு. சாரதி கம்பஹாப் பக்கத்துச் சிங்களப் பையன். மல்லி என்றே எல்லாரும் கூப்பிட்டோம், சிங்களத்தில் தம்பி. தமிழ் கொஞ்சம் தெரியும், அதைச் சிக்கனமாகப் பாவிப்பான். எங்கள் ஒழுங்கைக்குள் ஆறு பெட்டியையும் வரிசையாக நிறுத்தியிருந்தோம். மல்லி கையைக் கட்டிக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கிட்ட வந்து ஒவ்வொன்றையும் லேசாகத் தூக்கிப் பாரம் பார்த்தான். பாரமானவை அடியில் படுக்கையாக, சில்லு உள்பக்கம் பார்க்க, அதற்குமேல் மற்றவை நிமிர்த்தி. ஐந்து நிமிடத்தில் ஆறும் உள்ளே. நான் அளவுநாடாவோடு அலைந்ததை நினைத்து யாரும் ஒன்றும் சொல்லவில்லை, மனைவி மட்டும் தொண்டையைக் கனைத்தாள்.

அப்போதுதான் லிஃப்ட் திறந்தது. அம்மா வந்தார். கையில் இடியப்பச் சட்டி, சம்பல் போத்தல், தண்ணீர்க் கான், ரம்புட்டான் பை, பயணத்துக்கென்று ஒரு தலையணை, யாழ்ப்பாணத்தில் கிடைக்காது என்று அவர் நம்புகிற ஒரு பிளாஸ்ரிக் வாளி. பின்னால் அப்பா, கதிரையோடு. மடக்குக் கதிரை. "தேர் பார்க்கேக்க நிக்க ஏலாது." மல்லி என்னைப் பார்த்தான். நான் கடலைப் பார்த்தேன். வோக்கரைப் பெரியப்பா தன் இரண்டு காலுக்கும் நடுவில் நிறுத்தி, பிடியில் கையைப் போட்டுக்கொண்டார். யாழ்ப்பாணம் வரை அப்படியே இருந்தார். சிலாபத்தில் தேத்தண்ணிக் கோப்பையை அதில் கொழுவி வைத்தபோது முகத்தில் ஒரு பெருமையும் தெரிந்தது.

வழியில் சொல்ல அதிகம் இல்லை. மகள் தூங்கினாள், பெரியம்மா ஏசி குளிர் என்றார், பெரியப்பா வெக்கை என்றார், மல்லி பொத்தானை ஒரு தடவை தொட்டுப் பாவனை காட்டினான், இருவரும் "இப்ப சரி" என்றார்கள்.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தாமல் ஏ9 வீதியில் யாரும் போவதில்லை. மல்லியும் கேட்காமலே ஓரங்கட்டினான். இறங்கிக் கால் கழுவிக்கொண்டு கோயிலடிக்குப் போனோம். தேங்காய் வாங்க நான் காசை எடுக்க, அம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

"தேங்காய் கொண்டந்தனான்."

"எங்க?"

"வாளிக்குள்ள."

வாளி எங்கே? அடியில். பெட்டிகளுக்கு நடுவில் கிடந்த இடைவெளிக்கு அது அளவாக இருந்ததால் மல்லி அதை ஆப்பாக அடித்து இறுக்கியிருந்தான். இங்கேயே ஒன்று வாங்குவோம் என்று எல்லாரும் கெஞ்சினோம். நேர்ந்து எடுத்து வைத்த தேங்காய், வேறு உடைக்க முடியாது என்றார் அம்மா. பெட்டி ஒவ்வொன்றாக இறங்கியது. மடக்குக் கதிரை இறங்கியது, அப்பா அதை விரித்து உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தார். கச்சான் விற்கும் அம்மா ஒருவர் வந்து எட்டிப் பார்த்து, "சாமான் என்ன விலை போகுது தம்பி?" என்று கேட்டார். தேங்காய் கடைசியில் கிடைத்தது. உடைத்தோம். மல்லியும் தன் பங்குக்கு ஒன்று வாங்கி உடைத்தான், எதை வேண்டினான் என்று நான் கேட்கவில்லை. எட்டுக் கச்சான் பையோடு பெட்டிகள் திரும்ப ஏறின.

நல்லூரில் நல்ல தேர். அது தனிக்கதை.

திரும்பும்போது பெட்டிகள் வெறுமையாக இருக்கும் என்றுதான் கணக்கு. கொடுத்த வீடுகள் சும்மா அனுப்புமா? மிளகாய்த்தூள், நல்லெண்ணெய், பனாட்டு, ஒடியல்மா, பெட்டிக்குள் அடங்காத நீளத்தில் முருங்கைக்காய்க் கட்டுகள். வோக்கர் போன இடத்தில் இவை வந்து உட்கார்ந்தன. இதெல்லாம் பரவாயில்லை, கருவாடுதான். பருத்தித்துறை மச்சாள் நாலு பையில் சுற்றித் தந்தார், ஐந்தாவது பையும் வேண்டும் என்று அவரே சொல்லிச் சுற்றினார். வவுனியா தாண்டியபோது ஐந்தாவது பையும் காணாது என்று தெரிந்தது. மல்லி ஏசியை நிறுத்திவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினான். இந்தத் தடவை யாரும் குளிர் என்றும் சொல்லவில்லை, வெக்கை என்றும் சொல்லவில்லை.

தெஹிவளையில் வானை ஒப்படைக்கப் போனேன். கிலோமீற்றர் கணக்கு பேசியபடி முழுப் பயணத்துக்கும் சேர்த்துப் பார்த்ததில் கொஞ்சம்தான் கூடியிருந்தது. நானா படிவத்தை எடுத்துக்கொண்டு வானைச் சுற்றினார். குனிந்தார், நிமிர்ந்தார், நகக்கீறலைத் தடவிப் பார்த்தார். புதிதாக ஒன்றும் இல்லை. பிறகு பின்கதவைத் தூக்கினார். அப்படியே நின்றார். படிவத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், திரும்ப முன்பக்கம் பார்த்தார். கீறலுக்கும் நெளிவுக்கும் அதில் இடமிருந்தது.

"எவ்வளவு வாங்கினீங்க?" என்றார்.

"இரண்டு கிலோ, நானா."

"எங்களுக்குமா?"