சாகாத தொட்டி

முதல் தடவை வாங்கிவந்த இருநூறு ரோகு மீன்குஞ்சுகளில் முப்பத்தொன்று, நான் மருந்து பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே செத்துப்போயின. நான்கே நாளில். சோதனைக்கு முந்தைய ஒரு வாரத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தக் கூட்டம் முழுவதையும் ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. மிச்சமிருந்த நூற்று அறுபத்தொன்பதும் துள்ளிக்கொண்டுதான் இருந்தன. ஆனாலும் எனக்குப் பிரயோஜனமில்லை.

கும்பகோணத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி நான். எடுத்துக்கொண்ட பொருள் ஆசிட் ஸ்லரி. எந்த அளவில் அது மீனைக் கொல்லும் என்று பார்ப்பதுதான் வேலை, நான் மருந்து என்று சொல்வது அதைத்தான். சோப்புத்தூள், பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றுக்கும் அடிப்படைச் சரக்கு அதுதான். கெமிக்கல் கடையில் கேனோடு போனால் ஊற்றிக் கொடுப்பார்கள். பழுப்பு நிறத்தில் காய்ச்சிய வெல்லப்பாகு மாதிரி இருக்கும். எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டில் அதை வாங்கிக் காஸ்டிக் சோடா சேர்த்துச் சோப் ஆயில் கலக்கி விற்கிறார்கள். அதன் முழுப்பெயர் லீனியர் அல்கைல் பென்சீன் சல்போனிக் அமிலம். சோடா சேர்ந்து உப்பான பிறகு சுருக்கமாக லாஸ். படித்துறையில் மிதக்கிற நுரையைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால் இதை எடுத்தேன் என்று ஆய்வுத்திட்டத்தில் எழுதியிருக்கிறேன். உண்மையில் மலிவாகக் கிடைத்ததும் ஒரு காரணம்.

சோதனையைச் சொல்வது சுலபம். பொருளாதார ஒத்துழைப்புக்கும் வளர்ச்சிக்குமான நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி.யின் 203ஆம் வழிகாட்டி, 1981-இல் வந்தது, கடைசியாக 2019-இல் திருத்தினார்கள். குறைந்தது ஐந்து செறிவு, ஒவ்வொன்றிலும் குறைந்தது ஏழு மீன், மருந்தே இல்லாத ஒரு கண்ட்ரோல் தொட்டி. 96 மணி நேரம் வைத்து எத்தனை செத்தது என்று எண்ணி, பாதி மீனைக் கொல்லும் செறிவைக் கணக்கிட வேண்டும். அதுதான் எல்.சி.50. இதைப் படித்தபோது எல்லாரையும் போல நானும் மருந்துத் தொட்டிகளைப் பற்றித்தான் யோசித்தேன். கண்ட்ரோல் தொட்டியைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

முப்பத்தொரு சாவுக்குக் காரணம் கண்டுபிடித்தவர் எங்கள் கைடு இல்லை, மீன்குஞ்சுப் பண்ணைக்காரர். போனில் புலம்பினேன்.

"தொட்டி புதுசாம்மா?"

"ஆமாண்ணே, இப்பதான் கட்டிக் கொடுத்தாங்க."

"வாழைத்தண்டு போட்டு ஊற வச்சீங்களா?"

இல்லை. புதுச் சிமென்ட் தொட்டியில் சுண்ணாம்பு கசிந்து தண்ணீர் காரமாகிவிடும். பி.எச். மீட்டரை விட்டுப் பார்த்தால் 9.6. தண்ணீர் பிடித்த அன்று 7.8 என்று நோட்டில் எழுதியிருந்தேன், அதற்குப் பிறகு அளக்கவே இல்லை. டெல்டாவில் வாழைத்தண்டுக்கா பஞ்சம்? அறுத்துப் போட்ட தண்டுகளை வெட்டித் தொட்டி நிறைய அடுக்கி, பத்து நாள் அழுகவிட்டு, நாற்றம் தாங்காமல் துறைத்தலைவர் திட்டிய பிறகு கொட்டிக் கழுவினேன். இரண்டு தடவை தண்ணீர் மாற்றியதும் 8-க்குக் கீழே வந்து நின்றது. இதை நான் படித்த எந்த வழிகாட்டியிலும் பார்க்கவில்லை.

அதே பண்ணைக்காரர் இன்னொரு யோசனையும் சொன்னார். "சும்மா சும்மா சாகுதுன்னு ஏம்மா கஷ்டப்படுறீங்க, விரால் தர்றேன் வாங்கிக்கோங்க. சாகவே சாகாது." அவர் சொன்னது சரிதான். விரால் தண்ணீருக்கு மேலே வந்து காற்றை விழுங்கி உயிர் பிழைக்கும், சேற்றில்கூடக் கிடக்கும். செவுளைத் தாக்கும் ஒரு பொருளைச் சோதிக்க, செவுளை மட்டும் நம்பியிராத மீனை வைத்து என்ன செய்வது? வழிகாட்டிப் பட்டியலில் இருப்பவை வரிக்குதிரை மீன், சாதா கெண்டை, கப்பி மாதிரியானவை. வரிக்குதிரை மீன் வேண்டுமென்றால் சென்னைக் கொளத்தூரிலிருந்து வரவழைக்கலாம். நம் குளத்தில் வளர்வது ரோகுதான், காரணத்தை எழுதிவிட்டு அதையே செய் என்றார் கைடு மேடம்.

தண்ணீர் விஷயத்தில் மட்டும் அவரோடு கொஞ்சம் வாதாடினேன். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது, காவிரித் தண்ணீரிலேயே செய்தால் பொருத்தமாக இருக்குமே என்றேன். ஒரு டம்ளர் ஆற்றுத் தண்ணீரை மேசையில் வைத்து மறுநாள் பார்க்கச் சொன்னார். அடியில் அரை விரல் வண்டல். லாஸ் அந்த வண்டலில் ஒட்டிக்கொள்ளும், மீனுக்கு எவ்வளவு போகிறது என்று உனக்கே தெரியாது என்றார். குழாய்த் தண்ணீரில் குளோரின், ஆகவே அதுவும் கிடையாது. கடைசியில் கல்லூரி போர்வெல் தண்ணீர். கடினத்தன்மை லிட்டருக்கு 180 மி.கி. இருந்தது. 250 வரை அனுமதி.

இரண்டாவது கூட்டம் நன்றாக நிலைத்தது. பாலித்தீன் பையை அப்படியே தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமான பிறகு திறந்தேன். இரண்டு வாரத்தில் மூன்றுதான் செத்தன. சராசரி எடை இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் கீழே. 25 லிட்டர் தண்ணீருக்குப் பத்து மீன் என்று வைத்துக்கொண்டேன். நெருக்கினால் மீன் மருந்தால் செத்ததா மூச்சுமுட்டிச் செத்ததா என்று தெரியாது. சோதனைக்கு முந்தைய நாளிலிருந்து தீனி கிடையாது.

முதலில் ஒரு தோராயச் சோதனை. லிட்டருக்கு 0.1, 1, 10, 100 மி.கி. என்று நான்கு தொட்டி, தலா மூன்று மீன். நூறில் காபி குடித்துவிட்டு வருவதற்குள் மூன்றும் மல்லாந்துவிட்டன. பத்தில் மறுநாள் காலை ஒன்றும் மிச்சமில்லை. ஒன்றில் ஒரு சாவும் இல்லை. ஆக விஷயம் 1-க்கும் 10-க்கும் நடுவில். 1, 1.8, 3.2, 5.6, 10 என்று பிரித்துக்கொண்டேன். அடுத்தடுத்த செறிவுகள் 2.2 மடங்கைத் தாண்டக்கூடாது என்பதால் இந்த 1.8 மடங்கு.

அப்புறம் நுரை. இதை யாராவது முன்கூட்டியே சொல்லியிருந்தால் ஒரு மாதம் மிஞ்சியிருக்கும். எல்லாத் தொட்டிக்கும் ஏரேட்டர் குழாயை விட்டு முழுவேகத்தில் வைத்தேன். பத்து மி.கி. தொட்டியில் துணி ஊற வைத்த வாளி மாதிரி நுரை எழும்பி விளிம்பு தாண்டி வழிந்தது. எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. மறுநாள் லாஸோடு சேரும் மெத்திலீன் நீலச் சாயம் போட்டு, குளோரோஃபார்மில் பிரித்து, அந்த நீலத்தை 652 நானோமீட்டர் ஒளியில் அளந்தபோதுதான் சிரிப்பு நின்றது. தண்ணீரில் இருந்தது நான் ஊற்றியதில் பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் நுரையோடு மேலே போய்க் கண்ணாடியில் காய்ந்திருந்தது. போதாததற்கு, லாஸைப் பாக்டீரியாக்களும் தின்னும். மீனின் கழிவு சேரச் சேர அது வேகமாகும். ஊற்றிய அளவைச் செறிவு என்று எழுதினால், இருப்பதைவிடக் குறைந்த விஷமுள்ள பொருளாக அது காகிதத்தில் தெரியும். அந்தச் சோதனையைப் பாதியில் நிறுத்தினேன். அதற்குப் பிறகு காற்றை ஒவ்வொரு குமிழியாக வரும்படி திருகிவைத்து, 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கரைசலைப் புதிதாக மாற்றினேன். அளந்து பார்த்தால் ஊற்றியதில் 80 சதவீதத்துக்குக் குறையவில்லை.

அடுத்த தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது, எழுபதாவது மணிவரை. அன்று மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து சாயங்காலம் வரை மின்நிறுத்தம். பேப்பரில் போட்டிருந்தார்கள். பார்க்காதது என் தப்பு. புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள், அப்படி ஒரு வெயில். அறையில் ஃபேன் இல்லை, ஏரேட்டர் இல்லை. மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் 31 டிகிரி. கண்ட்ரோல் தொட்டியில் ஆக்சிஜனை டைட்ரேட் செய்து அளந்தேன், லிட்டருக்கு 3.4 மி.கி. தான் இருந்தது. தண்ணீர் கொள்ளக்கூடிய ஆக்சிஜனில் அறுபது சதவீதமாவது இருக்க வேண்டும், நான் வைத்திருந்த 27 டிகிரியில் அது 4.7-க்கு மேல். மருந்தே படாத பத்தில் இரண்டு செத்தன. ஒன்று என்றால் தப்பித்திருப்பேன், இரண்டு என்றால் முழுச் சோதனையும் செல்லாது. மற்ற ஐந்து தொட்டியில் என்ன அழகான கணக்கு வந்திருந்தாலும் சரி. கண்ட்ரோலில் மீன் சாகவில்லை என்பதைக் காட்ட முடிந்தால்தான் மற்றவை மருந்தால் செத்தன என்று சொல்ல முடியும். அன்று சாயங்காலமே மகாமகக் குளத்துப் பக்கம் ஒரு மீன்தொட்டிக் கடையில் பேட்டரி ஏரேட்டர் ஆறு வாங்கினேன். உதவித்தொகை வருவதற்கு முன், அம்மாவிடம் கடன்.

மூன்றாவது சோதனை ஐப்பசி அடைமழையில். தண்ணீர் தானாகவே 26, 27-இல் நின்றது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு மீனை விட்டேன். அப்போதுதான் எல்லாக் கணக்கும் காலை ஒன்பதில் விழும், வெள்ளிக்கிழமை முடியும், விடுதி வார்டனிடம் ஒரே ஓர் இரவுக்கு அனுமதி கேட்டால் போதும். மற்ற இரவுகளில் லேப் அட்டெண்டர் அண்ணன் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு எனக்கு மெசேஜ் போடுவார். "கண்ட்ரோல் பத்தும் இருக்கும்மா" என்று அவர் போடுவதைப் பார்த்த பிறகுதான் தூக்கம் வரும்.

பத்து மி.கி. தொட்டியில் முதலில் பதற்றம், சுவரில் முட்டி முட்டித் திரும்பின. பிறகு செவுள்மூடி படபடவென்று அடிக்க மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. உடம்பில் வழவழவென்று சளி. பிறகு ஒருக்களித்துச் சாய்ந்தன. லாஸ் செவுளின் மெல்லிய தோலைக் குலைப்பதால் தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தும் எடுக்க முடியாமல் போகிறது. செவுள்மூடி அசையாமல், வாலடியைக் கண்ணாடிக் குச்சியால் தொட்டும் அசையாமல் இருந்தால்தான் செத்ததாகக் கணக்கு. முதல் மீனைத் தொட்டபோது கை நடுங்கியது. நான்காவதுக்கு நடுங்கவில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கணக்கு: 1-இலும் 1.8-இலும் சாவு இல்லை. 3.2-இல் இரண்டு, 5.6-இல் ஆறு, 10-இல் பத்தும். கண்ட்ரோலில் பத்தும் உயிரோடு. இதிலிருந்து எல்.சி.50-ஐ எடுக்க உதவுவது புரோபிட் கணக்கு, 1934-இல் பிளிஸ் என்பவர் அறிமுகப்படுத்தினார். சாவு சதவீதத்தை அதன்படி மாற்றி, செறிவின் மடக்கைக்கு எதிரே புள்ளி வைத்தால் எஸ் வளைவு நேர்கோடாகிவிடும். முதலில் கிராஃப் தாளில் கையால் போட்டேன், பிறகு கணினியில். எல்.சி.50 லிட்டருக்கு 4.9 மி.கி. வந்தது. 1-க்கும் 10-க்கும் இடையில் வந்தால் உலக அளவிலான ரசாயன வகைப்பாட்டில் நீர்வாழ் உயிர்களுக்கான கடுநச்சின் இரண்டாம் வகை.

இந்த எண்ணைச் சொன்னதும் வீட்டில் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அரசலாத்துல மீன் செத்துடுமா?" தெளிந்த போர்வெல் தண்ணீரில், பட்டினி கிடந்த இரண்டு கிராம் ரோகுவுக்கு, நான்கு நாளுக்கான எண் அது. ஆறு வேறு. 1.8 தொட்டியில் ஒன்றும் சாகவில்லை, ஆனால் மூன்றாம் நாளிலிருந்து பத்தில் ஏழு மேலே வந்து காற்றுக்கு வாய் பிளந்துகொண்டிருந்தன. அந்த ஏழும் எல்.சி.50-இல் எங்கேயும் இல்லை. 2019 திருத்தம் இப்படிப்பட்ட அறிகுறிகளையும் பதியச் சொல்வதால் நோட்டில் தனிப் பத்தி போட்டு எழுதினேன். ஆலைக் கழிவுநீருக்கு நம் சுற்றுச்சூழல் விதிகள் கேட்பது இன்னும் எளிமையானது: தண்ணீர் கலக்காத கழிவுநீரில் 96 மணி நேரத்துக்குப் பிறகு 90 சதவீத மீன் பிழைத்திருக்க வேண்டும். பிழைத்தது எப்படி நீந்துகிறது என்று கேட்பதில்லை.

மருந்துத் தொட்டிகளில் மிஞ்சியவற்றைக் கிராம்பு எண்ணெய் கலந்த தண்ணீரில் விட்டு மயக்கத்திலேயே முடித்தேன். "குழம்புக்காவது ஆகுமான்னு பார்த்தேன்" என்றார் அட்டெண்டர் அண்ணன், பாதி விளையாட்டாக. கரைசலைச் சாக்கடையில் ஊற்ற விடவில்லை மேடம். பெரிய டிரம்மில் சேர்த்து, மண் கொஞ்சம் போட்டு, காற்றை முழுவேகத்தில் விட்டு வைத்திருக்கிறோம். முதல் வாரம் நுரை டிரம்மைத் தாண்டி நின்றது. இப்போது மூன்றாவது வாரம், கலக்கினால் கொஞ்சமாக எழும்பி உடனே அடங்குகிறது. மெத்திலீன் நீலம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொட்ட வேண்டும்.

கண்ட்ரோல் பத்தும் வாழைத்தண்டு போட்ட அந்தச் சிமென்ட் தொட்டியிலேயே இருக்கின்றன. வேறு சோதனைக்கு அவற்றை எடுக்கக்கூடாது. தவிடும் கடலைப்பிண்ணாக்கும் போடுகிறோம்.